காண்தொகை: எண்ணாமலே தொகை அறிவதற்கு ஒரு சொல்

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

சில பொருள்களை எண்ணாமலே, பார்த்தவுடன் எத்தனை என்று அறியும் ஆற்றலை ஆங்கிலத்தில் 'சபிற்றைசிங்' (subitizing) என்பார்கள். அந்தச் சொல்லுக்குத் தமிழ் கேட்டு நான் எழுதிய மடலுக்கு மனமுவந்து விடை தந்த எல்லோருக்கும் நன்றி. ரொறன்ரோவில் இருந்து எழுதிய அக்கா 'உடனெண்ணல்' என்றும், மதுரை ஐயா 'கண்மதிப்பு' என்றும், கொழும்பில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் தம்பி 'சடுதியறிதல்' என்றும் முன்மொழிந்திருந்தீர்கள். மூன்றையும் ஒரு வாரம் வகுப்பறையில் வைத்துப் பார்த்தேன். கிளிநொச்சி மாவட்டத்தில் முன்பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஆகவே ஒரு சொல் பொருந்துகிறதா என்று பார்க்க அகராதியை விட அந்தச் சிறு வகுப்பறைதான் எனக்குக் கைக்கு அண்மையில் இருக்கிறது.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். மூன்று புளியங்கொட்டைகளைப் பாயின் மேல் உருட்டிவிட்டால், நான்கு வயதுப் பிள்ளை அவை உருண்டு ஓய்வதற்குள் "மூண்டு" என்று சொல்லிவிடுகிறது. விரல் நீள்வதில்லை, உதடு அசைவதில்லை. ஏழு கொட்டைகளை உருட்டினால் அதே பிள்ளை முழங்காலில் எழுந்து, சுட்டுவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, நடுவில் கிடந்த ஒன்றை இரண்டு தடவை தொட்டு, "எட்டு" என்று முடிக்கிறது. 1871ஆம் ஆண்டில் ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஏறத்தாழ இதையே தம்மீது சோதித்துப் பார்த்தார். கறுப்பு அவரை விதைகளை ஒரு பெட்டிக்குள் எறிந்து, ஒரு கணம் பார்த்து, எத்தனை விழுந்தன என்று சொல்லிவிட்டுப் பின்னர் எண்ணிச் சரிபார்த்தார்; இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள். மூன்றிலும் நான்கிலும் அவர் ஒருமுறையேனும் பிழைக்கவில்லை. ஐந்தில் பிழை தலைகாட்டியது, அதன் பின்னர் தொகை கூடக் கூடப் பிழையும் கூடியது. இந்த ஆற்றலுக்கு 1949இல்தான் ஆங்கிலத்தில் தனிப்பெயர் கிடைத்தது. சடுதி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லில் இருந்து அதை ஆக்கினார்கள்.

நான் இந்தச் சொல்லைத் தேடத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு கையேடு. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் கைக்கு வந்த, மொழிபெயர்க்கப்பட்ட பயிற்சிக் கையேடு ஒன்றில் இந்த இடத்தில் 'விரைவாக எண்ணுதல்' என்று இருந்தது. நல்ல மனத்தோடு அதைப் படித்த ஆசிரியைகள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கொட்டைகளைப் பரப்பி, யார் முதலில் எண்ணி முடிப்பது என்று போட்டி வைத்தார்கள். பார்த்தவுடன் மூன்றைச் சொல்லக்கூடிய பிள்ளை, "எண்ணிச் சொல்லு" என்ற கட்டளைக்காக வாயைத் திறந்து ஒன்று, இரண்டு என்று தொடங்கித் தடுமாறியதை நானே கண்டேன். பிள்ளையிடம் ஏற்கெனவே இருந்த ஆற்றலை ஒரு பிழையான சொல் மறைத்துவிட்டது. அக்கா, 'உடனெண்ணல்' அழகான சொல்தான். ஆனாலும் அதற்குள் 'எண்ணல்' இருக்கும் வரை இந்தக் குழப்பம் திரும்பத் திரும்ப வரும் என்று அஞ்சுகிறேன்.

'எண்' என்னும் பகுதியை நான் இவ்வளவு பிடிவாதமாக விலக்குவதற்கு வகுப்பறை மட்டும் காரணமன்று. வெவ்வேறு மக்கள் எண்ணிக்கையை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்தாலும் அதே முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. பிரேசிலின் அமேசன் காட்டில், மைசி ஆற்றங்கரையில் வாழும் பிராஹா மக்களின் மொழியில் துல்லியமான எண்ணுப் பெயர்களே இல்லை. 'ஒன்று' என்று முன்னர் கருதப்பட்ட அவர்களுடைய சொல், 2008இல் வெளியான ஆய்வில் பத்துப் பொருள்களில் இருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தபோது ஆறு பொருள்களுக்கும் பயன்பட்டது. ஆக, அது 'கொஞ்சம்' என்பதற்கு ஒப்பான சொல்லாகவே இருக்க வேண்டும். ஆனால் கண்முன்னே வரிசையாக வைத்த பொருள்களுக்கு நேராக ஒன்றுக்கு ஒன்று வைக்கச் சொன்னால் அவர்கள் சரியாகவே வைத்தார்கள். பொருள்களை மறைத்துவிட்டு நினைவில் இருந்து வைக்கச் சொன்னபோதுதான் பெரிய தொகைகள் பிசகின. அதே நாட்டின் முண்டுருக்கு மக்களிடம் ஏறத்தாழ ஐந்து வரைக்கும் பெயர்கள் உண்டு. அவர்களுடைய ஐந்துக்குப் 'பிடி' அல்லது 'ஒரு கை' என்று பொருள் கொள்ளலாம். அதையே ஆறுக்கும் ஏழுக்கும் ஒன்பதுக்கும் கூடச் சொல்கிறார்கள். ஆனாலும் இரண்டு பெரிய புள்ளிக் கூட்டங்களில் எது பெரிது என்று கேட்டால், எண்ணத் தெரிந்த பிரெஞ்சுக்காரரோடு ஒப்பிடும்படியாக விடை சொன்னார்கள் என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. அவுஸ்திரேலியாவின் வால்பிரி மொழியிலும் எண்ணுவதற்கான சொற்கள் மிகக் குறைவு. எனினும் அம்மொழி பேசும் சிறுவர்கள் தொகையை நினைவில் வைத்துத் திரும்ப அடுக்குவதில், மெல்பேணில் ஆங்கிலம் பேசி வளர்ந்த சிறுவர்களுக்குப் பின்தங்கவில்லை.

மறுபக்கத்தில் எண்ணுதல் என்பதோ ஒவ்வொரு மக்களும் தாமே செய்துகொண்ட கைவினை. பப்புவா நியூகினியின் ஒக்சாப்மின் மக்கள் ஒரு கையின் பெருவிரலில் தொடங்கி, மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறி, மூக்கைத் தாண்டி மறு கையின் சுண்டுவிரலில் இருபத்தேழில் முடிக்கிறார்கள். கலிபோர்னியாவின் யூக்கி மக்கள் விரல்களை விட்டுவிட்டு விரல் இடுக்குகளை எண்ணியதால் எட்டு எட்டாக எண்ணினார்கள். நாங்கள் பெருவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு ஒரு கையில் பன்னிரண்டு காண்கிறோம். களத்தில் நெல் அளக்கும்போது என் அப்பப்பா 'ஒன்று' என்று ஒருநாளும் தொடங்கியதில்லை. முதல் அளவைக்கு 'லாபம்' என்பார், பிறகுதான் 'ரெண்டு'. மூடைகளை ஏற்றும்போது மண்சுவரில் கரியால் நான்கு கோடுகள் கீறி, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். பாடப் புத்தகத்தில் நாங்கள் வரவுக்குறி என்று படித்தது இதைத்தான். நான்கு கோடு வரை பார்த்தவுடன் விளங்கும், அதற்கு மேல் விளங்காது என்பதை ஜெவன்ஸ் பற்றிக் கேள்விப்படாத அந்தச் சுவர் அறிந்திருந்தது. பழைய பிராமி எழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்பன அத்தனை கோடுகளே. நான்குக்கு வேறு வடிவம் வந்துவிடுகிறது. சீன எழுத்திலும் இதே கதைதான். எண்குறி செய்தவர்களின் கண்ணும் என் முன்பள்ளிப் பிள்ளையின் கண்ணும் ஏறக்குறைய ஒரே இடத்தில் களைத்துப்போகின்றன.

ஆகவே, எண்ணுப் பெயர் இல்லாத மக்களிடமும், பேசத் தொடங்காத கைக்குழந்தையிடமும் இருக்கக்கூடிய ஓர் ஆற்றலுக்கு 'எண்' என்று பெயர் வைத்தால், பின்னர் வந்த கைவினையின் பெயரை முன்னர் இருந்த இயல்பின் மேல் ஏற்றியவர்கள் ஆவோம்.

மதுரை ஐயாவின் 'கண்மதிப்பு' இந்தக் குறையில் இருந்து தப்பிவிடுகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. நெல் வாங்க வருகிறவர் குவியலைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு "முப்பது மூடை வரும்" என்கிறாரே, அதுதான் கண்மதிப்பு. அதில் ஒன்றிரண்டு மூடை கூடலாம், குறையலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பாயில் கிடக்கும் மூன்று கொட்டையில் அப்படிக் கூடவோ குறையவோ இடமில்லை. முண்டுருக்கு மக்கள் பெரிய புள்ளிக் கூட்டங்களில் காட்டியது கண்மதிப்பு. நாம் பெயர் தேடுவது வேறொன்று, நான்குக்குள் அடங்குவது, துல்லியமானது. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டால் இவ்விரண்டையும் வேறுபடுத்துகிற எந்த ஆய்வையும் தமிழில் எழுத முடியாமல் போகும்.

ஐயா தம் மடலில், மேய்ப்பர் பட்டியைப் பார்த்தவுடனே ஒன்று குறைகிறது என்று சொல்வதையும் சான்றாகக் காட்டியிருந்தார். நானும் அதை நம்பியிருந்தேன். முல்லைத்தீவுப் பக்கம் பட்டி மாடு வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் கேட்டபோதுதான் என் எண்ணம் மாறியது. மாலையில் மாடுகள் பட்டிக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னது, "சுட்டி நாம்பனைக் காணேல்லை" என்பது. நாம்பன் என்றால் இளங்காளை. ஒன்று குறைகிறது என்று அவர் சொல்லவே இல்லை. அத்தனை மாட்டையும் முகம் முகமாக அறிந்தவருக்கு, வராதது எது என்று தெரிகிறதே தவிர, வந்தவை எத்தனை என்று தெரிய வேண்டியதில்லை. எத்தனை என்று கேட்டபோது அவர் யோசிக்க நேர்ந்தது. மாட்டையும் பிள்ளையையும் தொகை சொல்லி எண்ணினால் கண்ணூறு படும் என்று கருதும் ஊரில் இந்த முகமறிவு இன்னும் கூர்மையாக இருப்பதில் வியப்பில்லை. அதுவும் அரிய அறிவுதான், ஆனால் அதைத் தொகையறிவோடு சேர்க்க முடியாது.

தம்பியின் 'சடுதியறிதல்' மூலச் சொல்லின் வேருக்கு மிக அண்மையில் நிற்கிறது. ஆனால் எதை அறிவது என்பதை அது சொல்லவில்லை. முகத்தைச் சடுதியாக அறியலாம், பாம்பையும் சடுதியாக அறியலாம். எங்கள் பக்கத்தில் சடுதி என்னும் சொல் சடுதி மரணம், சடுதியான விலையேற்றம் என்று கெட்ட செய்தியோடுதான் பெரும்பாலும் வாசலுக்கு வருகிறது. முன்பள்ளிக் கையேட்டில் அதை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தே 'காண்தொகை' என்னும் சொல்லை முன்வைக்கிறேன். தொகை என்பது இரு கரையிலும் வழங்கும் சொல். தமிழ்நாட்டில் மக்கள்தொகை, இங்கே சனத்தொகை. சனத்தொகைக் கணக்கெடுக்கும் எங்கள் அரசுத் திணைக்களத்தின் பெயரிலேயே தொகைமதிப்பு இருக்கிறது. எண்ணுதல் என்னும் செயலை அது உள்ளே கொண்டுவராமல், 'இத்தனை' என்னும் அளவை மட்டும் குறிக்கிறது. காண்தொகை வினைத்தொகையாக அமைவதும் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது: கண்ட தொகை, காண்கிற தொகை, காணும் தொகை என்று காலம் மறைந்து நிற்பதைப் போலவே, இந்தச் செயலிலும் காண்பதற்கும் தொகை தெரிவதற்கும் இடையில் காலம் தெரிவதில்லை. வினையாக்க வேண்டுமானால் 'தொகைகாண்' என்று திருப்பிக்கொள்ளலாம். 'பிள்ளை மூன்றைத் தொகைகாண்கிறது, ஏழு என்றால் எண்ணுகிறது' என்று எழுதிப் பார்த்தேன். சொன்னவுடன் ஆசிரியைகளுக்கு விளங்கியது. 'காண்தொகை எல்லை' என்றால் மூன்று அல்லது நான்கு. அதற்கு மேல் துல்லியம் தேவைப்படாதபோது கண்மதிப்பு, துல்லியம் தேவைப்படும்போது எண்ணுதல். மூன்று சொல்லும் மூன்று வேலையை ஒன்றையொன்று இடிக்காமல் செய்கின்றன.

எழக்கூடிய தடைகள் இரண்டை நானே சொல்லிவிடுகிறேன். தொகை என்றால் பணம் என்றும் பொருள் படும் என்பது ஒன்று. சூழலே அதைத் தெளிவாக்கிவிடும் என்பது என் துணிபு. சனத்தொகை என்றவுடன் யாரும் காசை நினைப்பதில்லை. இரண்டாவது, புணர்ச்சி. பழைய முறைப்படி காண் என்பதன்முன் தகரம் வந்தால் டகரமாகும். 'காண்டகு' என்று இலக்கியத்தில் வருவது போல 'காண்டொகை' என்றே எழுத வேண்டும் என்று இலக்கணம் அறிந்தோர் சொல்லக்கூடும். அவர்கள் சொல்வது சரி. ஆனால் காண்டொகை என்று எழுதினால் உள்ளே இருக்கும் தொகையை ஆசிரியை அடையாளம் காண மாட்டார். கலைச்சொல் தன் பொருளைத் தானே காட்டி நிற்க வேண்டிய இடத்தில் பிரித்தெழுதுவதையே நான் வேண்டுவேன். இதில் மதுரை ஐயாவின் கருத்தைத் தனியாகக் கேட்க விரும்புகிறேன்.

நேற்று முன்பள்ளி முற்றத்தில், பிள்ளைகளைக் கூட்டிச்செல்ல வந்த அக்காமார் இருவர் காத்திருக்கும் நேரத்தில் கொக்கான் (கல்லை எறிந்து பிடிக்கும் விளையாட்டு) வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கல் மேலே போய்த் திரும்பும் இடைவெளியில் கீழே கிடப்பவை எத்தனை என்று அறிந்து, அத்தனையையும் ஒரே வாரலில் அள்ளி, மேலே போன கல்லையும் பிடிக்க வேண்டும். அந்த இடைவெளியில் எண்ணுவதற்கு நேரமே இல்லை. பல்லாங்குழியிலும் குழியில் நான்கு சேர்ந்தவுடன் 'பசு' என்று அள்ளுகிறவர் கொட்டைகளை எண்ணி நான் கண்டதில்லை. கையேட்டின் அந்தப் பக்கத்தைத் திருத்தும்போது விரைவாக எண்ணும் போட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொக்கானையும் பல்லாங்குழியையும் வைத்து, மேலே 'காண்தொகை விளையாட்டுகள்' என்று தலைப்பிட்டிருக்கிறேன். மாற்றுச் சொல் யாருக்கேனும் தோன்றினால் அடுத்த பயிற்சி நாளுக்கு முன்னர் எழுதுங்கள். படியெடுக்கக் கொடுப்பதற்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

அன்புடன்,
கிளிநொச்சியில் இருந்து ஓர் ஆசிரியை