மகளை வாட்டர் போலோவில் சேர்க்கலாமா? யுஎஸ்ஏ வாட்டர் போலோவுக்கு 2024 எப்படிப் போனது?

கேள்வி: சான் ரமோன் அப்பா (ஜனவரி 2025)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 12 வயது. ஐந்து வருடமாக நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். போன ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் பார்த்ததிலிருந்து வாட்டர் போலோ (நீந்திக்கொண்டே பந்தைக் கோலுக்குள் எறியும் ஆட்டம்) ஆடியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பக்கத்தில் ஒரு கிளப் இருக்கிறது. அங்கே போய் விசாரித்தால், முதலில் இந்த ஆட்டத்துக்கான அமெரிக்கச் சங்கமான யுஎஸ்ஏ வாட்டர் போலோவில் உறுப்பினராகிவிட்டு வாருங்கள் என்கிறார்கள்.

எனக்கு இந்த ஆட்டமும் தெரியாது, அந்தச் சங்கத்தையும் தெரியாது. இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் 'ஆண்கள் அணிக்குப் பதக்கம்' என்கிறார்கள், இன்னொரு பக்கம் 'பெண்கள் அணி வெறுங்கையோடு திரும்பியது' என்கிறார்கள். ஆபீஸில் ஒருவர் இது கலிஃபோர்னியாவைத் தாண்டினால் யாருக்கும் தெரியாத ஆட்டம், நீச்சலிலேயே விடுங்கள் என்றார். இன்னொருவர், கல்லூரியில் ஸ்காலர்ஷிப் கிடைக்கும், உடனே சேருங்கள் என்றார். சங்கம் முன்னேறுகிறதா, தடுமாறுகிறதா? நாம் கட்டும் பணம் எதற்குப் போகிறது? பிள்ளைக்கு அடிபடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஹூஸ்டன்வாசி

கலிஃபோர்னியாவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்பது முழு உண்மை இல்லை. டெக்சஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூஐஎல் அமைப்பு 2022 இலையுதிர் காலத்திலிருந்து வாட்டர் போலோவை முறையாகச் சேர்த்துக்கொண்டது. என் அண்ணன் மகன் படிக்கும் பள்ளியில் அதற்கு முன்னால் இப்படி ஓர் ஆட்டம் இருப்பதே தெரியாது. இப்போது ஆண்கள், பெண்கள் என இரண்டு அணி இருக்கிறது. ஆனால் ஆட்டத்தின் எடை இன்னும் உங்கள் கலிஃபோர்னியாப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றதை நெல்லை அம்மா வந்து சொல்வார், அவர் வீட்டில் ஒரு கோல்கீப்பர் இருக்கிறாள்.

பதில்: நெல்லை அம்மா

வந்துவிட்டேன். சார், என் மகள் ஏழு வருடமாக ஆடுகிறாள். நாங்கள் தெற்குக் கலிஃபோர்னியாவில், இர்வைனில் இருக்கிறோம். சங்கத்தின் தலைமை அலுவலகமும் இதே ஊர்தான், ஆனால் அங்கே எனக்கு யாரையும் தெரியாது. குளத்தங்கரையில் நின்று பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் 2024. பிப்ரவரியில் தோஹாவில் நடந்த உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் பெண்கள் அணி ஹங்கேரியை 8-7 என்று வென்றது. உலகப் பட்டம் அது எட்டாவது. ஒலிம்பிக்கில் பெண்கள் வாட்டர் போலோ 2000ல் வந்தது. அப்போதிருந்து அமெரிக்கப் பெண்கள் பதக்கம் இல்லாமல் திரும்பியதே இல்லை. 2012, 2016, டோக்கியோ என்று தொடர்ந்து மூன்று தங்கம். அதனால் பாரிஸில் நான்காவது தங்கம் என்றுதான் எங்கள் கிளப்பில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

காலிறுதியில் ஹங்கேரியை 5-4 என்று தாண்டியபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவோடு 8-8, அப்புறம் ஷூட்அவுட்டில் (சமனானால் இரு அணியும் மாறி மாறி ஒவ்வொருவராகக் கோலுக்கு எறிவது) தோல்வி. வெண்கலத்துக்கான ஆட்டம் நெதர்லாந்தோடு. நமக்கு அது நள்ளிரவு தாண்டிய நேரம். மகளும் நானும் விளக்கைப் போடாமல் உட்கார்ந்து பார்த்தோம். ஆட்டத்தின் நான்கு கால்பகுதியில் மூன்று முடிந்தபோது 10-7, நாம் முன்னால். கடைசிக் கால்பகுதியில் நம் பக்கம் ஒரு கோல்கூட விழவில்லை, அவர்கள் நான்கு போட்டார்கள். கடைசிக் கோல், சப்ரினா வான் டெர் ஸ்லூட் அடித்தது, ஆட்டம் முடியும் நொடியில். 11-10. மகள் சோபாவுக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தாள், கோலில் நிற்கிற மாதிரியே. கையைக் கீழே இறக்க வெகு நேரம் ஆனது.

அடுத்த ராத்திரி ஆண்களுக்கான வெண்கல ஆட்டம். எழுந்திருக்க மாட்டேன் என்றாள். நான்தான் எழுப்பினேன். ஹங்கேரியோடு 8-8, மறுபடி ஷூட்அவுட். இந்த முறை 3-0. ஹங்கேரியால் ஷூட்அவுட்டில் ஒன்றுகூடப் போட முடியவில்லை. கோலில் நின்றவர் அட்ரியன் வைன்பெர்க். 2008ல் வெள்ளி வென்ற பிறகு ஆண்களுக்கு இதுதான் முதல் பதக்கம். என் மகள் அந்த ஷூட்அவுட்டை இன்றைக்கும் போட்டுப் பார்க்கிறாள், அவர் எப்போது எழும்புகிறார், கை எங்கே போகிறது என்று.

நீங்கள் கேட்ட 'முன்னேறுகிறதா தடுமாறுகிறதா' என்பதற்கு இந்த இரண்டு ராத்திரியையும் வைத்துப் பதில் சொல்ல முடியாது, சார். பெண்கள் அணி கெட்டுப்போய்விடவில்லை. மற்ற நாடுகள் பக்கத்தில் வந்துவிட்டன. தங்கம் வாங்கிய ஸ்பெயின் முதல் சுற்றிலேயே நம்மை 13-11 என்று வென்றது. ஐரோப்பாவில் கிளப் லீக் இருக்கிறது, அதில் ஆடினால் சம்பளம் உண்டு. இங்கே அப்படித் தொழில்முறை லீக் கிடையாது. கல்லூரி முடிந்ததும் நம் பிள்ளைகள் கிரீஸுக்கும் ஹங்கேரிக்கும் இத்தாலிக்கும் போய் ஆடுகிறார்கள். மே மாதம் அணித் தலைவி மேகி ஸ்டெஃபன்ஸ் இன்ஸ்டாகிராமில் எழுதியது நினைவிருக்கிறதா? தன் அணியில் பெரும்பாலானவர்கள் இன்னொரு வேலை பார்த்துக்கொண்டேதான் ஆடுகிறார்கள் என்று. மூன்று தங்கம் வாங்கிய அணி! அதைப் படித்துவிட்டு ராப் பாடகர் ஃப்ளேவர் ஃப்ளேவ் உதவிக்கு வந்து, சங்கத்தோடு ஐந்து வருட ஒப்பந்தமே போட்டார். அவருக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் ஒரு நல்ல மனிதர் இன்ஸ்டாகிராம் பார்த்ததால் வந்த பணம் அது. அடுத்த அணிக்கு வேண்டியதைச் சங்கம் தானே தேட வேண்டும்.

அதைவிடப் பெரிய கஷ்டம் குளம். இந்த ஆட்டத்துக்கு நின்றால் கால் எட்டாத ஆழம் வேண்டும், அதுவும் முழு நீளத்துக்கு. பல பள்ளிக் குளங்களில் ஒரு முனை இடுப்பளவுதான் இருக்கும். ஆழமான குளம் கிடைத்தாலும் நீச்சல் அணிகள் முதலில் எடுத்துக்கொள்ளும், மிச்ச நேரம்தான் நமக்கு. என் மகளுக்குப் பத்து வயதில் பயிற்சி இரவு எட்டரைக்கு ஆரம்பிக்கும். காரில் சாப்பாடு, காரிலேயே வீட்டுப்பாடம். கோவிட் வந்து குளங்களை மூடியபோது நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலை மட்டும் சுற்றுவாள், மறந்துவிடக் கூடாதென்று. இரண்டு காலையும் மாற்றி மாற்றி உள்பக்கமாகச் சுற்றி, கையை ஊன்றாமல் தண்ணீரில் நிமிர்ந்து நிற்கிற கால்வேலை, எக்பீட்டர் என்பார்கள். மற்ற எல்லாம் அதன் மேல்தான். அந்த வருடம் எங்கள் கிளப்பில் சின்னப் பிள்ளைகள் பிரிவே நின்றுபோனது. திரும்பப் பிள்ளைகளைச் சேர்த்து ஓர் அணியாக்க இரண்டு வருடம் பிடித்தது.

சங்கத்தை நான் அளப்பது இதை வைத்துத்தான். மேலே தேசிய அணிக்குப் பதக்கமும் வேண்டும், கீழே உங்கள் மகளுக்கு ஒரு குளமும் வேண்டும். ஒரே சங்கம் இரண்டையும் பார்க்க வேண்டும். பதக்கம் எல்லோர் கண்ணிலும் படும். இரவு எட்டரைக்கு ஒரு குளம் கிடைக்காமல் போவது யார் கண்ணிலும் படாது.

பணம் எங்கே போகிறது என்றீர்கள். உறுப்பினர் கட்டணத்தில்தான் பிள்ளைக்கு விபத்துக் காப்பீடு வருகிறது. பயிற்சியாளர்களின் பின்னணியைச் சோதிப்பது, பிள்ளைகள் பாதுகாப்புக்கான பயிற்சி, நடுவர்கள், ஜூலையில் நடக்கும் ஜூனியர் ஒலிம்பிக்ஸ் போட்டி, திறமையான பிள்ளைகளைத் தேசிய அணிக்குத் தேடும் ஏற்பாடு, எல்லாம் சங்கத்தின் வேலை. கிளப்புக்குக் கட்டுவது தனி. பெரிய செலவு அதுதான், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அடிபடுமா? படும், மறைக்க மாட்டேன். தண்ணீருக்குக் கீழே பிடித்து இழுப்பார்கள், உதைப்பார்கள். நான் பயப்படுவது தலையில் படும் பந்துக்கு. 2014ல் ஒரு போட்டியில் கோல்கீப்பராக நின்ற ஒரு பெண்ணுக்கு முகத்தில் பந்து பட்டது, அவளை அன்றைக்கே மறுபடி ஆட விட்டார்கள். அவள் அம்மா சங்கத்தின் மேல் போட்ட வழக்கில் 2018 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சங்கத்துக்கு இதில் பொறுப்பு உண்டு, வழக்கு நடக்கட்டும் என்று சொன்னது. கோல்கீப்பரின் அம்மா என்பதால் அந்தத் தீர்ப்பை நான் வரிவரியாகப் படித்தேன். கிளப்பில் சேர்க்கும் முன் பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள்: தலையில் பந்து பட்டால் என்ன செய்வீர்கள்? 'உடனே வெளியே எடுப்பேன், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்க மாட்டேன்' என்று தயங்காமல் பதில் வர வேண்டும். அதில் இழுத்தால் வேறு கிளப் பாருங்கள்.

இன்னொன்று. ஆட்டத்துக்கு முன் நடுவர் ஒவ்வொரு பிள்ளையின் நகத்தையும் தடவிப் பார்ப்பார். கீறிவிடக் கூடாதல்லவா. என் மகளின் முதல் ஆட்டம் சாயங்காலம் ஆறரைக்கு. அவள் கையை நடுவர் திருப்பிப் பார்த்துவிட்டு, வெட்டிக்கொண்டு வா என்றார். எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு நகம் வெட்ட மாட்டோம். பார்க்கிங்கில் கார் விளக்கைப் போட்டு, ஈரக் கையை மடியில் வைத்துப் பத்து விரலையும் வெட்டினேன். அம்மா ஊரிலிருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல், "கட்டை விரலை விட்டுட்ட பாரு" என்று மட்டும் சொன்னார்கள். தாமிரபரணியில் எனக்கு நீச்சல் பழக்கியது அவர்கள்தான். அன்றைக்கு மகள் ஆறு கோல் விட்டாள், மூன்றைத் தடுத்தாள்.

சேருங்கள் சார்.

பதில்: டேவிஸ் விசில்

பள்ளி ஆட்டங்களில் நடுவராக இருக்கிறேன். நெல்லை அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, ஸ்காலர்ஷிப்பை நம்பிச் சேர்க்காதீர்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி 2024-25 வரை ஒரு கல்லூரிப் பெண்கள் அணிக்கு மொத்தமே எட்டு முழு ஸ்காலர்ஷிப்தான் இருந்தது, ஆண்களுக்கு நாலரை. அதைத்தான் அணியில் பலருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள்.

இரண்டு, ஆட்டமே மாறிக்கொண்டிருக்கிறது. 2025ல் உலக அமைப்பு ஆண்களுக்கான களத்தை 30 மீட்டரிலிருந்து 25 மீட்டராகக் குறைத்தது, பந்தை வைத்திருக்கும் நேரத்தையும் 30 நொடியிலிருந்து 25 ஆக்கியது. வேகம் கூடும். உடம்பு பலத்தைவிட நீச்சல் வேகத்துக்கு மதிப்பு வரும் என்று நினைக்கிறேன். ஐந்து வருடம் நீந்திய பெண்ணுக்கு அது நல்லதுதான். பெண்களுக்குப் பள்ளி சீசன் நம் வடக்குக் கலிஃபோர்னியாவில் இலையுதிர் காலத்தில் வரும், தெற்கே குளிர்காலத்தில். அதனால் ஆகஸ்டுக்குள் அந்தக் கால்வேலை பழகியிருந்தால் நல்லது.

கேள்வி கேட்டவர்: சான் ரமோன் அப்பா

எல்லோருக்கும் நன்றி. நெல்லை அம்மா எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கோல்கீப்பர் அக்காவுக்கு ஹலோ சொல்லச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை மாலை ஒரு நாள் இலவசப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தலையில் பந்து பட்டால் என்ன செய்வீர்கள் என்று போனிலேயே கேட்டுவிட்டேன், நீங்கள் எழுதிய பதில் அப்படியே வந்தது. ஆனால் அவர்கள் குளத்தில் ஒரு முனை நாலடிதானாம். பரவாயில்லையா?

பதில்: நெல்லை அம்மா

ஆரம்பத்துக்குப் பரவாயில்லை. ஆனால் ஆழம் குறைந்த பக்கம் பிள்ளைகள் தன்னையறியாமல் காலை ஊன்றிவிடுவார்கள். ஆட்டத்தில் தரையை மிதித்து எழும்பினால் தப்பு, பந்து எதிரணிக்குப் போய்விடும். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஆழக் குளத்துக்குக் கூட்டிப்போகிறார்களா என்று கேளுங்கள். என் மகள் சொல்லச் சொன்னது: முதல் வாரம் தொடை எரியும், அது சரிதான், விட்டுவிடாதே. செவ்வாய்க்கிழமை எப்படிப் போனது என்று இங்கேயே எழுதுங்கள் சார், அவளும் கேட்பாள்.