சின்ன விமான நிலையத்தில் சக்கர நாற்காலிப் பயணம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்
வணக்கம். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து, ஒரு சின்ன விமான நிலையத்திலிருந்து ஏடிஆர் 72-இல் அழைத்துப்போக வேண்டும். சுமார் 70 பேர் போகும் விமானம்தான், ஆனால் பயணிகள் ஏறும் கதவு வால் பக்கம் இருக்கிறது, படியும் கதவோடு சேர்ந்தே இறங்கும், ஏரோபிரிட்ஜ் (கட்டடத்திலிருந்து நேராக விமானக் கதவுக்குப் போகும் பாலம்) எல்லாம் கிடையாது. அம்மாவால் இரண்டு படிகூட ஏற முடியாது. இந்த மாதிரி இடங்களில் சாய்தளமோ ஆம்புலிஃப்டோ (நாற்காலியோடு கதவு உயரத்துக்கு உயர்த்தும் வண்டி) வைத்திருப்பார்களா, இல்லை ஆட்கள் நாற்காலியோடு தூக்கிவிடுவார்களா? தூக்குவதில் எனக்கு உடன்பாடில்லை, அம்மாவுக்குச் சுத்தமாக இல்லை. பேட்டரி நாற்காலி என்பதால் அதன் லித்தியம் பேட்டரி விவரத்தை விமான நிறுவனத்திடம் எத்தனை நாள் முன்னால் சொல்லணும்? அப்புறம், சார்ட்டர் (முழு விமானத்தையும் வாடகைக்கு) எடுத்தால் விமானம் காலியாக வந்துபோகும் செலவும் நம் தலையில்தானா? நேரில் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நல்லது.