டர்பிடிட்டி கரன்ட்: "கலங்கல் ஓட்டம்" என்று சொல்லலாமா?

குழுவினர் அனைவருக்கும் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

மண் கலந்து கனத்த நீர் கடலடிச் சரிவில் தரையை ஒட்டிப் பாய்வதுதான் டர்பிடிட்டி கரன்ட். நம் கலைச்சொல் பட்டியலுக்கு இதற்குத் தமிழில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: வண்டல் ஓட்டம், சேற்றோட்டம், அடர்த்தி நீரோட்டம். ஒரு வாரமாக மூன்றையும் எழுதிப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. என் பரிந்துரை "கலங்கல் ஓட்டம்".

எங்கள் பக்கம் ஐப்பசியில் முதல் பெருமழை பெய்ததும் வரத்துக்காலில் செம்மண் கரைந்து கண்மாய்க்கு வரும். கண்மாயில் பழைய தண்ணீர் கொஞ்சம் தெளிந்து கிடக்கும். செந்தண்ணீர் அதில் கலந்து பரவும் என்றுதான் நினைப்போம். ஆனால் கால் வந்து சேரும் இடத்திலிருந்து சிறிது தூரத்தில் நுரையும் சருகும் ஒரு கோடாக ஒதுங்கி நிற்கும். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மேல்தண்ணீர் தெளிவாகவே இருக்கும். மண் சுமந்த தண்ணீர் கனமானது, அதனால் அடியில் புகுந்து தரையை ஒட்டியே போகிறது. கடலடியில் நடப்பதும் இதேதான். கண்டத்தின் விளிம்பு ஆழ்கடலை நோக்கி இறங்கும் கண்டச் சரிவில் நிலநடுக்கத்தாலோ, படிவு குவிந்து தாங்காமலோ ஓரிடம் சரிந்தால், கிளம்பும் மண்ணும் நீரும் சேர்ந்து தெளிந்த கடல்நீருக்கு அடியில் சரிவோடு பாய்கின்றன.

இதற்கு எங்கள் ஊர்ப் பேச்சில் இருக்கும் சொல் கலங்கல். "தண்ணி கலங்கலா இருக்கு, தேத்தாங்கொட்டை இழைச்சு விடு" என்று அப்பத்தா சொல்வார். மண் இன்னும் நீரில் மிதக்கிறது, இனிமேல்தான் தங்கும் என்பது அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வண்டல் என்ற சொல்லை நான் ஏற்காததற்கும் இதுவே காரணம். வண்டல் என்பது தங்கி முடிந்த மண். கோடையில் கண்மாயில் வெட்டி வயலுக்கு அடிப்போமே, அது. ஓடிக்கொண்டிருப்பதை வண்டல் என்றால் முடிவின் பெயரைத் தொடக்கத்துக்கு வைத்ததாகும். சேற்றோட்டம் வேறு நிகழ்வு. அதில் நீரை விட மண்ணே மிகுதி, கூழ் போல மொத்தமாக நகரும். நாம் பேசுவதில் நீரின் சுழிப்புதான் மணலைத் தூக்கிப் பிடிக்கிறது. அடர்த்தி நீரோட்டமோ மிகப் பொதுவான சொல், குளிர்ந்த நீரும் உப்பு மிகுந்த நீரும் அடியில் ஓடுவதும் அதில் அடங்கும்.

இந்த ஓட்டம் எவ்வளவு வலியது என்பதற்கு 1929 நவம்பரில், இன்றைய கனடாவின் கிழக்கே உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குத் தெற்கே நடந்ததை எண்ணிப் பாருங்கள். நிலநடுக்கத்துக்குப் பின் கடலடித் தந்திக் கம்பிகள் 12 அறுந்தன. நடுக்க மையத்துக்குப் பக்கத்தில் இருந்தவை உடனே போய்விட்டன. ஆழத்தில் இருந்தவை, சரிவில் மேலிருந்து கீழ் என்ற வரிசையில், 13 மணி நேரத்துக்கும் மேலாக ஒவ்வொன்றாக அறுந்தன. எது எந்த நேரத்தில் அறுந்தது என்று தந்தி நிலையங்களில் பதிவு இருந்தது. அந்த நேரங்களை வைத்தே 1952இல் கடலடி ஆய்வாளர்களான ஹீசனும் யூவிங்கும் இது கலங்கலின் வேலை என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். கம்பி அறுந்த நேரமே ஓட்டத்தின் வேகத்தைச் சொல்லிவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

சரி, கலங்கல் என்ற சொல்லுக்கு வடமாவட்ட நண்பர் சொன்ன மறுப்புக்கு வருகிறேன். அவர் ஊரில் கலங்கல் என்றால் ஏரியின் உபரிநீர் வழியும் இடம். நியாயமான மறுப்புதான். நாங்கள் அதைக் கலுங்கு என்போம், அதனால் எங்களுக்குக் குழப்பம் இல்லை, அவருக்கு இருக்கும். அதனால்தான் கலங்கல் என்று தனியாக விடாமல் "ஓட்டம்" சேர்த்தேன். "கலங்கல் ஓட்டம்" என்ற பிறகு மதகையோ கரையையோ யாரும் நினைக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இந்தச் சொல்லிலிருந்து மற்றவையும் எளிதாகக் கிளைக்கும். இந்த ஓட்டம் தங்கவிட்டுப் போகும் படிவான டர்பிடைட்டைக் கலங்கற்படிவு எனலாம். ஓட்டம் தளரத் தளரப் பருமணல் முதலில் தங்கும், அதன் மேல் நுண்மணல், கடைசியில் களி. கண்மாயின் உள்வாயில் குழி வெட்டினாலும் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இப்படி ஓர் அடுக்கு தெரியும். வங்காள விரிகுடாவின் அடியில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்த மண் சுமார் 3,000 கி.மீ. நீளத்துக்கு, நிலநடுக்கோட்டையும் தாண்டி, விசிறியாகப் பரந்து கிடக்கிறது. இமயத்தில் உரிந்த மண் இலங்கைக்கும் தெற்கே போய்ச் சேர்ந்தது இந்தக் கலங்கல் ஓட்டங்களால்தான். விசிறி என்ற சொல் நன்றாகவே இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

மாற்ற வேண்டியது, கான்டினென்டல் ரைஸ் என்பதற்கு வழங்கும் "கண்ட உயர்ச்சி". பதினோராம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள், "சித்தப்பா, உயர்ச்சின்னா மேடுதானே, ஏன் சரிவுக்குக் கீழே இருக்கு?" என்று கேட்டாள். கரையிலிருந்து இறங்கி வருகிறவருக்கு அது உயர்ச்சியே இல்லை. கண்டச் சரிவின் காலடியில் கலங்கற்படிவுகள் குவிந்து, மெல்லச் சாய்ந்து ஆழ்கடல் சமவெளியில் சேரும் இடம் அது. குன்றக்குடி மலைக்குக் கீழே நிற்பவரைக் கேட்டால் அடிவாரத்தில் நிற்கிறேன் என்பார். "கண்ட அடிவாரம்" என்று வைத்துக்கொள்ளலாமா?

முடிவெடுக்கும் முன் தொண்டிப் பக்கத்து அன்பர்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். புயலுக்குப் பின் கடல் அடிமண் கிளம்பி நிறம் மாறும்போது அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று மீனவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால், என் சொல்லை எடுத்துவிட்டு அதையே பட்டியலில் சேர்ப்போம்.