மண்ணைக் கவனிக்காம சட்டத்தை மாத்தி என்ன ஆகப் போகுது

குழு: நாலு சுத்து குடும்பம் (ஸ்பீட்வே ரசிகர்கள்: மண் டிராக்ல நாலு பைக், நாலு சுத்து)

தீபக்: 2025 மாதிரி ஒரு சீசன் வந்த பிறகும் ஸ்பீட்வே தேய்ஞ்சுகிட்டே போகுதுன்னு பேசறாங்களே, அதுதான் எனக்குப் புரியலை. பிரேடி கர்ட்ஸ் கடைசி அஞ்சு கிராண்ட் பிரீயையும் வரிசையா ஜெயிச்சார். அப்படியும் போலந்தோட ஸ்மஷ்லிக் ஒரே ஒரு பாயின்ட்ல உலகப் பட்டத்தைத் தக்க வச்சுக்கிட்டார். டென்மார்க் வோயன்ஸ்ல கடைசி ராத்திரி வரைக்கும் யாருக்குன்னு தெரியலை. இதுக்கு மேல என்ன வேணும்?

கவிதா அக்கா: பட்டத்துக்கான போட்டி பிரமாதம், அதுல சந்தேகமே இல்லை. ஸ்மஷ்லிக்குக்கு அது ஆறாவது பட்டம். அதுக்கு முன்னாடி மோகரும் ரிக்கார்ட்சனும் மட்டும்தான் ஆறு பட்டம் ஜெயிச்சவங்க. ஆனா பட்டப் போட்டி வேற, ரேஸ் வேற தீபக். ஒரு ராத்திரிக்கு 20 ஹீட், அதாவது நாலு பேர் ஓட்டற குட்டி ரேஸ், ஓடுது. முதல் வளைவைத் தாண்டும்போது இருந்த வரிசை நாலாவது சுத்து முடியும்போதும் அப்படியே இருந்த ஹீட் எத்தனைன்னு எண்ணிப் பாரு.

தீபக்: ஸ்டார்ட் எடுக்கறதும் திறமைதானே அக்கா?

கவிதா அக்கா: திறமைதான். ஆனா ஒரு நிமிஷ ரேஸ்ல முதல் ரெண்டு செகண்ட் மட்டும்தான் ரேஸ்னா, மீதி நேரம் நாம எதைப் பார்க்கறது?

பாலு பெரியப்பா: ஸ்டார்ட் முக்கியம்ங்கறது 1936-ல வெம்ப்ளியில வான் பிராக் முதல் உலகப் பட்டம் ஜெயிச்ச நாள்லேர்ந்து உள்ளதுதான்ப்பா. அது குறை இல்லை. பின்னால மாட்டிக்கிட்டவனுக்கு இன்னொரு பாதை இருக்கணும். அந்தப் பாதை மண்ணுல இருக்கு.

பாலு பெரியப்பா: பிரேக் கிடையாது, ஒரே கியர். வளைவுல பின் சக்கரத்தைச் சறுக்க விட்டுத்தான் திரும்பியாகணும். சறுக்கற சக்கரம் மண்ணைச் சுரண்டி வெளிப்பக்கமா வீசும். ரெண்டு மூணு ஹீட் ஓடினாப் போதும், உள் ஓரம் சாணி போட்டு மெழுகின தரை மாதிரி வழவழன்னு ஆகிடும். வெளி ஓரத்துல மண் குவிஞ்சு கிடக்கும். அந்தக் குவியல் ஈரமா இருந்தா வெளியே போறவனுக்குப் பிடி கிடைக்கும். அவனுக்குத் தூரம் அதிகம்தான், ஆனா ஆக்ஸிலேட்டரைக் குறைக்க வேண்டியதே இல்லை. ரெண்டாவது வளைவு முடியற இடத்துல உள்ளே இருக்கறவனைவிட வேகமா நேர்ப்பாதைக்குள்ள வருவான். மண் காய்ஞ்சிருந்தா கதையே மாறிடும். சக்கரம் சுத்தும், வண்டி நகராது. அப்புறம் நாலு பேருக்கும் உள் கோடு ஒண்ணுதான். ஒத்தையடிப் பாதையில எவன் எவனை முந்தறது?

முரளி: பெரியப்பா, மண்ணு மேல மட்டும் பழி போட்டா எப்படி? வண்டியும் மாறியிருக்கே. 90-கள் நடுவுல வரைக்கும் இன்ஜின் நேரா நின்னுச்சு. அப்புறம் படுத்த இன்ஜின் வந்தது. 500 சிசி, ஒத்தை சிலிண்டர், மெத்தனால். மொத்த வண்டியும் 77 கிலோவுக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான் எடை. இன்ஜின் படுத்ததும் எடை கீழே இறங்கிடுச்சு. வண்டி வளைவுலேர்ந்து சீக்கிரமா நிமிர்ந்து நேரா பாயுது. அந்தப் பழைய நீளமான சறுக்கல் இப்ப இல்லை. உள் கோட்டுல போறவனும் வேகம் விடாம வெளியே வந்துடறான். வெளியே சுத்தி வர்றவனுக்கு இருந்த லாபத்துல பாதி போச்சு.

பாலு பெரியப்பா: சரி, அது உண்மைதான். ஆனா அதே படுத்த இன்ஜினை வச்சுத்தான் நல்ல டிராக்ல ஒரே ஹீட்ல மூணு தடவை இடம் மாறுது. மான்செஸ்டர் டிராக்ல ரெண்டு பேர் வெளி ஓரத்துல சுத்தறதைப் பார்த்திருப்பே. இன்ஜின் அதேதானே?

முரளி: அதுவும் சரிதான். 2011-ல சைலன்சரை மாத்தினப்பவும் பவர் திடீர்னு வருதுன்னு ரைடர்கள் கூச்சல் போட்டாங்க. அப்புறம் பழகிட்டாங்க. ஆனா டியூனிங்காரங்க இப்ப குறி வைக்கறது ஒரே ஒரு விஷயத்தைத்தான். ஸ்டார்ட்ல குறுக்கே கட்டின டேப் மேலே போனதும் முதல் 30 மீட்டர்.

தீபக்: அண்ணா, அந்த 30 மீட்டருக்கு என்னதான் பண்றாங்க? கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

முரளி: முதல்ல பின் ஸ்ப்ராக்கெட். ஹீட்டுக்கும் ஹீட்டுக்கும் நடுவுல ஒரு பல் கூட்டுவாங்க, ஒரு பல் குறைப்பாங்க. பல் கூடினா இழுவை கூடும், கூடவே வீல் ஸ்பின்னும் கூடும். மண் ஆழமா ஈரமா இருந்தா அது நல்லது. வழவழப்பா இருந்தா ஒரு பல் குறைச்சு, இக்னிஷன் டைமிங்கையும் கொஞ்சம் பின்னால தள்ளி, பவரை மென்மையாக்கணும். அடுத்தது கிளட்ச். இன்ஜினை முறுக்கி வச்சுக்கிட்டு கிளட்ச் விரலைப் பாதி விட்டே நிக்கறாங்க. பிளேட் சூடேறி வீங்கினா வண்டி டேப்பைப் பார்த்து ஊரும். டேப்பைத் தொட்டா கிராண்ட் பிரீயில அந்த ஹீட்லேர்ந்தே வெளியே.

முரளி: அப்புறம் டயர். வண்டி எப்பவும் இடது பக்கமே திரும்பறதால பின் டயர்ல ஒரு ஓரம்தான் சீக்கிரம் மழுங்கும். கூர் போனதும் டயரைக் கழட்டித் திருப்பிப் போட்டு அடுத்த ஓரத்தை உபயோகிப்பாங்க. அந்த ஓரம் கூரா இருக்கற ஹீட்ல ஸ்டார்ட்டே வேற மாதிரி இருக்கும்.

கவிதா அக்கா: ஹீட்டுக்கு முன்னாடி ரைடர் பூட்ஸாலே கேட்ல, அதான் ஸ்டார்ட்ல அவங்க நிக்கற இடத்துல, மண்ணைக் கிளறுவாங்க, கவனிச்சிருக்கியா தீபக்? முன்னாடி நின்ன சக்கரங்கள் தோண்டின பள்ளத்துக்கு அடியில கெட்டித் தரை தெரியும். பக்கத்துலேர்ந்து கொஞ்சம் மண்ணை இழுத்து அதுல நிரப்பிப் பிடி தேடறாங்க. அதுக்கும் மணி அடிச்சதுலேர்ந்து ரெண்டு நிமிஷம்தான் கணக்கு.

தீபக்: அப்ப கேட் தேர்வுதான் பாதி ரேஸ். அதனாலதானே தகுதிச் சுற்றுல வேகமா வந்தவருக்கு, எந்த ஹீட்ல எந்த கேட்னு தீர்மானிக்கற நம்பரை முதல்ல எடுக்கற உரிமை கொடுக்கறாங்க?

கவிதா அக்கா: ஆமா. அதனால அந்தப் பயிற்சியே இப்ப பாதி ரேஸ் ஆகிடுச்சு. 2023-ல வோயன்ஸ்ல அந்தத் தகுதிச் சுற்றுல ஸ்மஷ்லிக் தப்பான ரேஸ் சூட் போட்டிருந்தார்னு போட்டியிலேர்ந்தே எடுத்துட்டாங்க. ரெண்டாவது இடத்துல இருந்த லிண்ட்கிரென் பாயின்ட்ல கிட்ட வந்துட்டார். டோருன்ல கடைசி ரவுண்ட்லதான் ஸ்மஷ்லிக் பட்டத்தை உறுதி பண்ணினார். உலகப் பட்டம் துணி விவகாரத்துல கை மாறியிருக்கும். இப்படிப்பட்ட சட்டத்துல காட்டற கண்டிப்பை டிராக் மேல காட்டினா எவ்வளவு நல்லா இருக்கும்!

தீபக்: ஆனா 2025-ல கொண்டு வந்த புது முறை நல்லதுதானே அக்கா? 20 ஹீட் முடிஞ்சதும் முதல் ரெண்டு பேர் நேரா பைனல். மூணுலேர்ந்து பத்து வரைக்கும் வந்தவங்களுக்கு ரெண்டு கடைசி வாய்ப்பு ஹீட், ஒவ்வொண்ணுலேயும் ஜெயிக்கறவர் மட்டும் பைனலுக்கு. முன்னாடி செமி பைனல்ல ரெண்டாவதா வந்தாலே போதும்.

கவிதா அக்கா: கேட்க நல்லாத்தான் இருக்கு, பரபரப்பும் கூடியிருக்கு. ஆனா ஜெயிச்சே ஆகணும்னு வச்ச ஹீட்லேயும் டிராக் வழவழன்னு கிடந்தா ஒண்ணாம் கேட்காரர்தான் போவார். 1995-ல ஒத்தை இறுதிப் போட்டியை விட்டுட்டு கிராண்ட் பிரீ தொடராக்கினாங்க. 2020-லேர்ந்து ஹீட் பாயின்ட்டுக்குப் பதிலா அன்னைக்கு முடிச்ச இடத்துக்கு 20, 18, 16, 14-னு கொடுக்கறாங்க. இப்ப இது. எத்தனை தடவை கணக்கை மாத்தறது? டிராக்டர் ஓட்டறவர் கையில இருக்கறதை மேசையில உட்கார்ந்து சரி பண்ண முடியாது.

பாலு பெரியப்பா: கவிதா சொன்னதுதான் என் கட்சியும்.

தீபக்: அப்படின்னா நல்ல மண் போட வேண்டியதுதானே பெரியப்பா, யார் தடுக்கறாங்க?

பாலு பெரியப்பா: பயம் தடுக்குதுப்பா. அந்தப் பயத்துலேயும் நியாயம் இருக்கு. ஸ்பீட்வே வண்டிக்குப் பின்னால சஸ்பென்ஷன் கிடையாது. பக்கவாட்டுல சறுக்கிக்கிட்டிருக்கற சக்கரம் திடீர்னு ஈரமான ஒரு திட்டுல ஏறினா அப்படியே கவ்விப் பிடிக்கும். முன் சக்கரம் மேலே தூக்கும், வண்டி நிமிர்ந்து நேரா வேலியைப் பார்த்துப் போகும். ஆழமான மண்ணு ஆபத்து இல்லை. ஒரு இடத்துல ஆழம், அடுத்த அடியில கெட்டி, அதுதான் ஆபத்து. அந்தச் சீர்மை வேணும்னா நாள் கணக்குல உழைக்கணும். அதுக்குப் பதிலா மொத்தத்தையும் வழிச்சு அழுத்தி விட்டுட்டா பாதுகாப்பு, வேலையும் மிச்சம்.

முரளி: காத்து நிரப்பின வேலி வந்தும் பயம் போகலை பாருங்க. 2015-ல டார்சி வார்டு 23 வயசுல முதுகுத்தண்டு அடிபட்டு ரேஸை விட்டார். அதை யாரும் மறக்க முடியாது.

பாலு பெரியப்பா: மறக்கவும் கூடாது. அதனாலதான் சொல்றேன், ஒழுங்கா மண் வேலை பண்ணினா பாதுகாப்பும் கிடைக்கும், ரேஸும் கிடைக்கும். முறை இதுதான். போட்டிக்கு முந்தின நாட்கள்லேயே தண்ணி ஆழமா இறங்கணும். மேல ரெண்டு மூணு விரக்கடைக்குக் கீறி விடணும். பிளேடு வச்சு மட்டம் பண்ணணும், ரோலர் விடணும். கடைசியில லேசாத் தெளிக்கணும். இந்த வரிசை மாறிச்சுன்னா கெட்டுச்சு. கீழே காய்ஞ்சு கெட்டியா இருக்கும்போது ரேஸுக்கு முன்னாடி மொத்தத் தண்ணியையும் கொட்டினா அது உள்ளே இறங்காது. மேல சேறு, அடியில பாறை. நாலு ஹீட்ல பள்ளம் விழும்.

பாலு பெரியப்பா: இன்னொண்ணு, வளைவுகள்ல டிராக் உள்பக்கமா கொஞ்சம் சரிஞ்சிருக்கும். லாரி எல்லா இடத்துலேயும் ஒரே அளவு தண்ணி விட்டா அது உள் ஓரத்துக்கு வழிஞ்சுடும். எங்கே ஈரம் வேண்டாமோ அங்கே சொதசொதன்னு இருக்கும், வேண்டிய வெளி ஓரம் காய்ஞ்சு கிடக்கும். அனுபவப்பட்டவர் வெளி ஓரத்துக்குத் தனியா ஒரு சுத்து விடுவார்.

தீபக்: 2015-ல வார்சா நேஷனல் ஸ்டேடியத்துல 12 ஹீட்டோட நிறுத்தினது இந்தப் பள்ளத்தாலதானே?

கவிதா அக்கா: பள்ளமும், ஸ்டார்ட் கேட் வேலை செய்யாததும். போலந்து ரைடர் டோமாஷ் கோல்லோப்புக்கு விடை கொடுக்க அரங்கமே நிரம்பி வந்த கூட்டம். அவ்வளவு பேரையும் பாதியில வீட்டுக்கு அனுப்பினாங்க. மனசு ஆறவே இல்லை.

பாலு பெரியப்பா: தற்காலிக டிராக்கோட சங்கடமே அதுதான். கால்பந்து மைதானத்துல சில நாள்ல ஆயிரக்கணக்கான டன் மண்ணைக் கொட்டி அழுத்தறாங்க. மண்ணு ஒண்ணோட ஒண்ணு கட்டிப் படியறதுக்கு மழையும் வெயிலும் மாசக்கணக்கும் வேணும். நிரந்தர டிராக்னாலும் புதுசா இருந்தா இதே கதைதான். 2016-ல மான்செஸ்டர் நேஷனல் ஸ்பீட்வே ஸ்டேடியத்துல திறப்பு ராத்திரியையே டிராக் சரியில்லைன்னு ரத்து பண்ணினாங்க. அதைச் சரி பண்ணின பிறகு இன்னைக்கு அது எப்படி இருக்குன்னு பாரு.

முரளி: அதனாலதான் 2025-ல பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயை கார்டிஃப்லேர்ந்து அங்கே மாத்தினப்ப எனக்கு வருத்தம் இல்லை. கூட்டம் சின்னதுதான், ரேஸ் பெருசு.

கவிதா அக்கா: எனக்கு வருத்தம் இருக்கு முரளி. 2001-லேர்ந்து கார்டிஃப்தான் வெளியாட்கள் கண்ணுல ஸ்பீட்வே பட்ட ஒரே ராத்திரி. பிரிட்டன்ல கிளப்புகள் கிடக்கற நிலைமைக்கு அதையும் இழக்கலாமா? கவென்ட்ரி கிளப்புக்கு பிராண்டன் மைதானம் 2016-ஓட போச்சு. ஸ்விண்டன் போச்சு. 2023 முடியும்போது ஒரே வருஷத்துல உல்வர்ஹாம்ப்டனும் பீட்டர்பரோவும். மைதானம் கிளப்புக்குச் சொந்தமில்லை, நிலத்துக்காரர் வேண்டாம்னா முடிஞ்சுது.

தீபக்: போலந்துல மட்டும் எப்படி நிக்குது?

கவிதா அக்கா: அங்கே நிறைய ஊர்ல மைதானம் நகராட்சியோடது. டிவி பணம் வருது. அவங்க முதல் லீக் எக்ஸ்ட்ராலீகாவுல மழைக்கு டிராக்கைத் தார்ப்பாய் போட்டு மூடியே ஆகணும். முக்கியமா ஒவ்வொரு அணியிலேயும் ஜூனியர் ரெண்டு பேர் கட்டாயம். ரெண்டாவது ஹீட்டே ஜூனியர்களோடது. ஒரு பையன் தோத்துத் தோத்துக் கத்துக்கறதுக்கு இடம் இருக்கு. பிரிட்டன்ல பாரு, ஒரு ரைடர் வரலைன்னா வேற கிளப்லேர்ந்து கெஸ்ட். போன வாரம் எதிரணிச் சட்டையில நம்மளைத் தோற்கடிச்சவர் இந்த வாரம் நம்ம சட்டையில வர்றார். அவருக்கு எப்படி மனசாரக் கை தட்டறது?

முரளி: அக்கா, கெஸ்ட் இல்லைன்னா பாதி போட்டி நடக்கவே நடக்காதே. ஒரே ரைடர் பல நாட்டு லீக்ல ஓட்டறார். பிரிட்டன்ல திங்கள், வியாழன். ஸ்வீடன்ல செவ்வாய். போலந்துல வெள்ளி, ஞாயிறு. ஒருத்தர் எலும்பை உடைச்சுக்கிட்டா மூணு நாட்டுல அணி காலி.

கவிதா அக்கா: அப்ப அணியில ஏழு பேருக்கு மேல ஒரு இளைஞரைச் சேர்த்து வைக்கட்டும். தோத்தாலும் பரவாயில்லை, நம்ம பையனா இருக்கட்டும்.

பாலு பெரியப்பா: இதுல நான் கவிதா பக்கம்.

தீபக்: சரி பெரியப்பா, அடுத்த ரேஸ் பார்க்கும்போது டிராக் நல்லா இருக்கா இல்லையான்னு நானே கண்டுபிடிக்கணும்னா எதைப் பார்க்கணும்?

பாலு பெரியப்பா: நாலாவது ஹீட் முடிஞ்சு டிராக்டர் வரும்போது விளம்பரம்னு எழுந்து போயிடாதே. பிளேடு வெளியே குவிஞ்ச மண்ணை உள்ளே இழுத்துப் பரப்புதா, இல்லை வேலி ஓரத்துலேயே விட்டுட்டுப் போகுதான்னு பாரு. தண்ணி லாரி எந்தப் பக்கம் தெளிக்குதுன்னு பாரு. அஞ்சாவது ஹீட்ல மூணாவது, நாலாவது இடத்துல இருக்கறவன் எந்தக் கோட்டுல போறான்னு கவனி. முதல்ல இருக்கறவனுக்கு எந்த மண்ணுலேயும் கவலை இல்லை. பின்னால இருக்கறவன் வெளியே போய்ப் பார்த்துட்டு அடுத்த சுத்துலேயே உள்ளே திரும்பிட்டா, அங்கே பிடி இல்லைன்னு அர்த்தம்.

முரளி: சத்தத்தையும் கேளு. வெளியே போறவர் வண்டிச் சத்தம் கனமா, இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்தா சக்கரம் மண்ணைக் கடிக்குது. கீச்சுன்னு உச்சத்துக்கு ஏறினா வெறுமனே சுத்துது.

கவிதா அக்கா: ஒரு நோட்டுல நாலு கட்டம் போட்டுக்கோ. ஒவ்வொரு ஹீட்லேயும் எந்த கேட் ஜெயிச்சுதுன்னு கோடு போடு. பக்கத்துல, ரெண்டாவது சுத்துக்கு அப்புறம் இடம் மாறிச்சான்னு ஒரு புள்ளி வை. 20 ஹீட்டுக்கும் எழுதி இங்கேயே போட்டோ அனுப்பு, டிராக்டர் வந்துட்டுப் போன ஹீட்டுகளுக்கு வேற கலர் பேனா.