மணிப்பலகையில் இரண்டு சம்பந்திகள்: ஜெர்மனியில் குடித்தனம் போட்ட தம்பதிகளின் அனுபவங்கள்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து, நான்காம் ஆண்டு

நாங்கள் திருச்சிப் பக்கம். இவருக்கு இங்கே மென்பொருள் வேலை. நான் எட்டு ஆண்டு பார்த்த வங்கி வேலையை விட்டுவிட்டு இவருடன் வந்தவள். கிளம்புமுன் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தோம். குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் அங்கே போகாதீர்கள், அந்தப் பதிவு நடந்தால்தான் வரி எண் வரும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்கள். மாடிப்படியைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் மாடியில் வீடு. வந்த இரண்டாம் வாரம், காலையில் கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஓர் அட்டை தொங்குகிறது. 'கேர்வோஹ' என்று எழுதியிருந்தது. ஏதோ கடை விளம்பரம் என்று நினைத்துக் காகிதத் தொட்டியில் போட்டுவிட்டேன். குப்பையைத் தரம் பிரித்துப் போட்டோம் என்கிற பெருமை வேறு. ஞாயிறு மாலை எதிர்வீட்டு அம்மா வந்து நின்றார். எழுபத்தெட்டு வயது. கையில் அதே அட்டை. நீலத் தொட்டிக்குள் குனிந்து தேடி எடுத்திருக்கிறார்! திட்டவில்லை. அட்டையைக் காட்டினார், படியைக் காட்டினார், என்னைக் காட்டினார். எனக்கு விளங்கிவிட்டது.

பெருக்கும் வாரம் என்பதுதான் அதன் பொருள். ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள ஸ்வாபியப் பகுதியின் பழைய வழக்கம். இதன் வேரை 15ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். சின்ன முறை என்றால் உங்கள் மாடிக்கு உரிய படிகளைப் பெருக்கித் துடைப்பது. பெரிய முறை வந்தால் நிலவறை, நடைபாதை, பனி விழுந்தால் பனி தள்ளுவது எல்லாம் உங்கள் தலையில். வாரம் முடிந்ததும் அட்டை அடுத்த வீட்டுக் கதவுக்குப் போகும். துடைத்தோமா இல்லையா என்பது இரண்டாம் பட்சம், துடைப்பதை நாலு பேர் பார்த்தார்களா என்பதுதான் முக்கியம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நம் ஊரில் விடியுமுன் வாசல் தெளிக்காத வீட்டைப் பற்றித் தெருவே பேசும் இல்லையா, அதேதான்.

வாசல் என்றதும் கோலம் நினைவுக்கு வந்துவிட்டது. அந்த மார்கழியில், வீட்டு நினைப்பு தாங்காமல், கதவுக்கு வெளியே மிதியடிக்குப் பக்கத்தில் அரிசி மாவில் ஒன்பது புள்ளி வைத்துச் சின்னக் கோலம் போட்டேன். மதியம் வந்து பார்த்தால் தரை பளபள என்றிருக்கிறது. மறுநாளும் போட்டேன், மறுநாளும் துடைத்திருந்தது. மூன்றாம் நாள் கதவின் கண்ணாடித் துளை வழியாகக் காவல் இருந்தேன். எதிர்வீட்டு அம்மாதான். வாளியோடு வந்தார், குனிந்து பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே துடைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கதவைத் திறந்துவிட்டேன். திறந்த பிறகுதான் என்னிடம் கோபத்துக்கான ஜெர்மன் இல்லை என்பது உறைத்தது.

"எறும்புக்கா?" என்று கேட்டார். பொடியை எறும்பு மருந்து என்று நினைத்திருக்கிறார். ஒருவகையில் சரியான கேள்வி. அரிசி மாவு எறும்புக்குத்தானே, கொல்வதற்கு அல்ல, தின்பதற்கு. அதை எப்படிச் சொல்வது? உள்ளே கூப்பிட்டு, காப்பி கொடுத்து, கைப்பேசியில் படங்களைக் காட்டினேன். என் அம்மா வீட்டு வாசல், தெரு அடைத்த பொங்கல் கோலம், எல்லாம். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவர் சொன்ன தீர்ப்பை நான் மறக்க மாட்டேன். "அழகாக இருக்கிறது. ஆனால் இந்த வாரம் என் முறை. உங்கள் முறை வரும் வாரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்."

இதற்கு மேல் நியாயம் பேச முடியுமா? பொங்கல் அவருடைய வாரத்தில் விழுந்தது. கேட்டதும் முறையை மாற்றிக்கொண்டார். இப்போது ஆண்டுதோறும் ஜனவரியில் நாட்காட்டியை எடுத்துக்கொண்டு அவரே வந்து, "உங்கள் மாவுப் பண்டிகை எந்த வாரம்?" என்று கேட்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே அடுக்குமாடி வீடுகளுக்கு எண் இருப்பதில்லை. மணிப்பலகையிலும் தபால் பெட்டியிலும் குடும்பப் பெயர்தான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இவருக்கு இவருடைய அப்பா பெயர், எனக்கு என் அப்பா பெயர். ஆக, வாசல் பலகையில் எங்கள் இருவர் பெயரும் இல்லை. இரண்டு சம்பந்திகளின் பெயர்கள் மேலும் கீழுமாக இருக்கின்றன. கல்யாணத்தில் பந்தி விஷயமாக முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் அவர்கள். இங்கே ஒரே கோடு பிரிக்க ஒற்றுமையாக இருக்கிறார்கள். தபால்காரர் என்னை என் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். முதலில் கூச்சமாக இருந்தது. படம் எடுத்து அனுப்பியபோது அப்பா அதை அச்செடுத்துச் சட்டம் போட்டுவிட்டார். மாமனார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவர் பெயர் ஏன் மேலே இருக்கிறது?"

இவர் அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள். நான்கு ஆண்டாகியும் இவர் இந்த ஊருக்கு விருந்தாளிதான். வேலையில்லாமல் வந்த நான்தான் குடியிருப்பவள். கூட வந்தவர்கள் பாவம் என்று இரங்குகிறவர்கள் இதையும் கொஞ்சம் கணக்கில் எடுக்கட்டும்.


மியூனிக்கிலிருந்து

உங்களுக்காவது படி இருந்தது. எங்களுக்கு அடுப்படியே இல்லை. 'சமையலறை உண்டு' என்று ஒப்பந்தத்தில் இருந்தது. சாவி வாங்கித் திறந்தால் நாலு சுவர், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய். முன்பு குடியிருந்தவர் அலமாரி, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். விளக்குகளையும்தான், கூரையில் வெறும் கம்பி தொங்கியது. திருட்டுப் போய்விட்டது என்று வீட்டுக்காரருக்குத் தொலைபேசினேன். அவர் சிரித்தார். இங்கே வழக்கமே அதுதானாம். அவரவர் அடுப்படி அவரவருக்குச் சொந்தம். ஆறு வாரம் குளியலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவினோம். என் மனைவி அந்த ஆறு வாரத்தைப் பற்றி எழுதச் சொன்னால் இதைவிட நீளமாக எழுதுவாள், வேறு தொனியில்.


பெர்லினிலிருந்து

'கூட வந்தவள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கூட வந்தவன். என் மனைவி ஆராய்ச்சி வேலைக்கு வந்தார். அவருக்குக் கிடைத்தது 'நீல அட்டை' என்கிற வேலை அனுமதி, அதன் பெயரில் எனக்கும் குடியிருப்பு அனுமதி. அதனால் நான் புறப்படுமுன் ஜெர்மன் தேர்வுகூட எழுத வேண்டியிருக்கவில்லை. நீல அட்டைக்காரர் குடும்பத்துக்கு அந்த விலக்கு உண்டு.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருவரும் உட்கார்ந்தோம். அதிகாரி எங்கள் கோப்பினை என் முன்னால் வைத்து, வேலை ஒப்பந்தம் பற்றி என்னிடம் கேட்டார். நான் கோப்பினை மனைவி பக்கம் தள்ளினேன். அவர் பதில் சொன்னார். அடுத்த கேள்வி மறுபடி எனக்கு. மறுபடி தள்ளினேன். நாலாவது முறைதான் அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, எங்களுக்கும். ஊர் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

ஊர் எப்படி என்று கேட்கிறீர்களா? மாமா ஒருவர் ஒவ்வொரு ஞாயிறும் அழைத்து, "மாப்பிள்ளை, அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்பார். மனைவியின் மருத்துவக் காப்பீட்டில் தனிக் கட்டணமின்றிச் சார்ந்திருக்கிறேன் என்று சொல்லவா முடியும்? காலி பாட்டில்களைக் கடையில் கொடுக்கப் போகிறேன் என்று ஒருமுறை உண்மையைச் சொன்னேன். ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டிலுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை. இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். மாமா அதற்குப் பிறகு இரண்டு வாரம் அழைக்கவில்லை.

ஆனால் உண்மையான பாடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மதியம் முற்றத்துக்குப் போய் காலி ஊறுகாய்க் கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் போட ஆரம்பித்தேன். நிறமற்றது ஒன்றில், நிறமுள்ளது இன்னொன்றில், அவ்வளவு ஒழுங்காக. நாலாவது கண்ணாடி உடைந்த சத்தத்தில் மூன்று ஜன்னல்கள் திறந்தன. ஞாயிறு ஓய்வு நாள்; கடை இல்லை, சுவரில் துளை போடக் கூடாது, கண்ணாடி போடக் கூடாது. கையில் மீதி ஏழு கண்ணாடியோடு மாடி ஏறினேன். மாலையில் கீழ்வீட்டு இளைஞர் ஒருவர் கதவைத் தட்டினார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பார்த்தால், அந்த ஊறுகாய் எங்கே கிடைக்கும் என்று கேட்க வந்திருக்கிறார். முற்றம் முழுக்கப் பூண்டு வாசனையாம். பிறகு அவருடைய கடையில் அவரிடம்தான் மிதிவண்டி பழுது பார்க்கக் கற்றேன். அதே கடையில் பகுதிநேர வேலையும் கிடைத்தது.

முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து நெஞ்சே நின்றுவிட்டது. பிடித்தம் அத்தனை. விசாரித்தால், வந்த புதிதில் மனைவிக்கு மூன்றாம் வரி வகுப்பு, எனக்கு ஐந்தாம் வகுப்பு என்று நாங்களே கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறோம். அதிகம் சம்பாதிப்பவருக்குச் சாதகமான ஏற்பாடு. ஆண்டு முடிவில் இருவர் கணக்கையும் சேர்த்துத்தான் நேர் செய்கிறார்கள், நட்டமில்லை. ஆனாலும் புதிதாக வரும் தம்பதிகளுக்குச் சொல்லிவைக்கிறேன்: அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். மாமாவிடம் தொகையைச் சொல்லவில்லை, வேலை கிடைத்ததை மட்டும் சொன்னேன்.


ரூர் பகுதியிலிருந்து, முப்பது ஆண்டுக்கு மேலாக

தங்கச்சி, கோலக் கதையை வாசித்துச் சிரித்தேன். நாங்கள் உங்களைப் போல் வேலை ஒப்பந்தத்தோடு வந்தவர்கள் அல்ல. எங்களுடைய அவர் 1985இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயில் ஏறி மேற்குப் பக்கம் வந்தவர். அகதி விண்ணப்பக்காரர்கள் அனுமதியில்லாமல் தங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போக முடியாத காலம். நான் 1991இல் கலியாணம் கட்டி வந்தேன். அப்போது கறிவேப்பிலை வேண்டுமென்றால் பாரிஸிலிருந்து யாராவது வர வேண்டும்.

முதல் தைப்பொங்கல். வெளியே பனி. முற்றமும் இல்லை, மூன்று கல்லும் இல்லை. குசினியில் மின்சார அடுப்பு. பால் பொங்கி வழிய வேண்டும், எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்க வேண்டும் என்று நான் நின்றேன். வழிந்தது. நாலு பக்கமும். அடுப்புத் தட்டில் பால் கருகி, புகை எழும்பி, பட்டென்று ஒரு சத்தம், வீடு முழுக்க இருட்டு. அவர் "பட்டாசு கொளுத்தவில்லையே என்று பார்த்தேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கீழ்வீட்டு மனிதர் ஓடி வந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அதுவரை மாடிப்படியில் கண்டால் தலையை மட்டும் அசைப்பவர். மின்பெட்டியைத் திறந்து சரிபார்த்தார், ஈரத்துணியால் அடுப்பைத் துடைத்தார், பானைக்குள் எட்டிப் பார்த்தார். மிச்சம் இருந்த பொங்கலைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டார். பிறகு கதைக்கத் தொடங்கினார். தன் பாட்டனார் போலந்துப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவராம். அவருக்கும் இந்த ஊர்ப் பாஷை ஒரு சொல்லும் தெரியாதாம். பாட்டி முட்டைக்கோவா அவித்தால் கட்டடமே முறைப்பாடு செய்யுமாம். அவரும் அவர் மனைவியும்தான் எனக்கு ஜெர்மன் படிப்பித்தார்கள். புத்தகம் இல்லை, சனிக்கிழமை தோறும் வரும் கடை விளம்பரத் தாள்தான். அதனால் எனக்குப் பேசத் தெரியுமுன்பே உருளைக்கிழங்கு விலை சொல்லத் தெரிந்தது.

2002இல் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் ஆலயம் கோபுரத்தோடு எழும்பியபோது அவர்களையும் கூட்டிக்கொண்டு தேருக்குப் போனோம். வீதியில் தேர் போகிறது, சனம் தேங்காய் உடைக்கிறது. அந்த மனிதர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். இப்போது இருவரும் இல்லை. எங்கள் பிள்ளைகள் அவர்களை ஓமா, ஓப்பா (பாட்டி, தாத்தா) என்றுதான் சொல்லுவார்கள். ஊரில் இருந்த சொந்த அம்மம்மாவை அவர்கள் தொலைபேசியில் மட்டும்தான் அறிந்திருந்தார்கள்.

ஒன்று கேட்க வேண்டும், தங்கச்சி. அந்த எதிர்வீட்டு அம்மா உங்களை இன்னும் 'நீங்கள்' என்றுதானா கூப்பிடுகிறார்?


மீண்டும் ஸ்டுட்கார்ட்டிலிருந்து

அக்கா, நல்ல இடத்தில் தொட்டீர்கள். போன ஈஸ்டருக்கு அவர் ஒரு குப்பி ஒயினோடு வந்து, இனி நாம் ஒருவரையொருவர் 'நீ' என்றே பேசலாம் என்றார். இங்கே மூத்தவர்தான் அதை முதலில் சொல்ல வேண்டும், பெரிய மரியாதை. எனக்கோ எண்பதைத் தொட்டவரை 'நீ' என்று கூப்பிட நாக்கு எழவில்லை. மாட்டேன் என்றால் அவமதிப்பு, சரி என்றால் என் அம்மா கனவில் வந்து காதைத் திருகுவார். இப்போது வினையே இல்லாத வாக்கியங்களாகப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். "காப்பி?" "வெளியே குளிர்!" இப்படி. அவர் நான் ஜெர்மன் மறந்துகொண்டிருக்கிறேன் என்று கவலைப்படுகிறார்.

எனக்கும் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அதனால் படி இவருடைய பொறுப்புக்குப் போய்விட்டது. இந்த வாரம் அட்டை எங்கள் கதவில். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வெளியே குரல் கேட்கிறது. இவர் துடைத்து முடித்துவிட்டார் போலிருக்கிறது. எதிர்வீட்டு அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாம் படியின் மூலையைக் காட்டி ஏதோ சொல்கிறார். இவர் ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பார்க்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.