ஒரு கிளாஸ் டீக்கு நன்றி சொல்லத் தோன்றிய நேரம்

காரைக்குடியிலிருந்து

டீ குடிக்காத நாள் நமக்கு இல்லை. ஆனால் குடித்து முடித்ததும் கொடுத்தவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றிய டீ ஒன்று எல்லோருக்கும் இருக்கும். அதை இங்கே சொல்லுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிற நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி வரை பேச்சும் பாட்டுமாகப் போய்விடலாம். நத்தம் நெருங்கும்போதுதான் பாதத்தில் கொப்புளம் கட்டி ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கணும். வெயிலுக்குப் பயந்து பின்னிரவில் நடப்பதால் தைப்பனி வேறு. அப்படி ஒரு இரவில் சாலையோர வீட்டு வாசலில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரிய குண்டானில் டீ. பால் கிடையாது, இஞ்சி தட்டிப் போட்டு வெல்லம் கரைத்த வெறும் டீ. மொண்டு கொடுத்த அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வாங்கினதும் வாயருகே கொண்டுபோனேன். “இருப்பா, மொதல்ல கையில வச்சுக்க. கை சூடேறட்டும், அப்பறம் குடி” என்றார்.

கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன். மரத்துப்போன விரல்களுக்கு உணர்வு வந்தது. முதல் மிடறில் இஞ்சி தொண்டையைச் சுட, பின்னாலேயே வெல்லம் வந்து ஆற்றியது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அந்த அம்மா கேட்கவே இல்லை. நம் பக்கத்தில் இந்த இரண்டு கேள்வியும் இல்லாமல் ஒரு கிளாஸ் கைமாறுவது எவ்வளவு பெரிய விஷயம்!

தேவகோட்டையிலிருந்து

எங்கள் வீட்டில் டீக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. முகப்புக்கு வருகிற விருந்தாளிக்குக் காப்பி, பின்கட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு டீ. வெள்ளைப் பணியாரமோ மசாலா சீயமோ, இடைப்பலகாரத்தோடு காப்பிதான் வரும். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, மட்டும் இந்த ஏற்பாட்டுக்குள் வரமாட்டார்கள். நாலு மணிக்குப் பின்கட்டுக்குப் போய், வேலையாட்களுக்குப் போட்ட அதே டீயை அவர்களோடு உட்கார்ந்து குடிப்பார்கள். அப்பத்தா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை.

ஐயா சின்ன வயதில் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, இருந்தவர்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும், கப்பலில் இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து பர்மா எல்லையிலுள்ள தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தே வந்தார்கள். காலரா, மலேரியா, பட்டினி. வழியில் விழுந்தவர்களைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது என்பதற்கு மேல் ஐயா சொல்லமாட்டார்கள். ஆனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். 1942இல் இந்தியத் தேயிலைச் சங்கம், அஸ்ஸாம் தோட்டங்களிலிருந்து தொழிலாளர்களைக் கூட்டி வந்து அந்த வழியில் முகாம்கள் போட்டிருந்தது. ஒரு முகாமில், பாஷை புரியாத தோட்டத் தொழிலாளி ஒருவர் தகரக் குவளையில் சர்க்கரை நிறையப் போட்ட டீயைக் கொடுத்திருக்கிறார். ஐயாவின் கை நடுங்கிக் குவளை நிற்கவில்லை. அந்த மனிதரே வாயருகே பிடித்துக் குடிக்க வைத்திருக்கிறார்.

“அன்னைக்கு எனக்கு டீ கொடுத்தது ஒரு கூலியாளு. அவுகளுக்குப் போடுற டீ எனக்கு எப்படிக் கொறஞ்சு போகும்?” என்று அப்பத்தாவிடம் கேட்பார்கள். ஐயா போன பிறகு அப்பத்தாவும் நாலு மணிக்குப் பின்கட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

ஆத்தங்குடியிலிருந்து

நான் டைல்ஸ் பட்டறையில வேலை பாக்குறேன். கண்ணாடி மேல அச்சு வச்சு, கலர் சிமெண்ட ஊத்தி, பின்னால மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குற வேலை. கை எப்பவும் சிமெண்ட்தான். பதினோரு மணிக்கு டீ கொண்டாற அக்கா, யாருக்குக் கை கழுவ நேரமில்லையோ அவங்க கிளாஸ பேப்பர்ல சுத்தி நீட்டும். கலர் ஊத்திட்டா பாதியில விட்டு எந்திரிக்க முடியாதுன்னு அதுக்குத் தெரியும். யாரும் சொல்லிக் கொடுக்கல. அந்தப் பேப்பருக்காகவே அதக் கும்பிடணும்னு தோணும்.

கல்லல் பக்கத்திலிருந்து

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் அப்பா இளவட்டமாக இருந்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தனி கிளாஸ். வெளியே நின்று குடித்து, தானே கழுவி, கூரையில் செருகிவிட்டு வரவேண்டும். அப்பா அதனாலேயே டீ குடிப்பதை விட்டுவிட்டார். என் அம்மா போட்டுக் கொடுத்தாலும் தொடமாட்டார்.

எனக்கு வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கின அன்று காரைக்குடிக்கு அழைத்துப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் பெஞ்சில் உட்கார வைத்தேன். கடைக்காரர் எல்லோருக்கும் கொடுக்கிற கிளாஸில் டீ கொண்டுவந்து வைத்து, “ஐயாவுக்குச் சக்கரை போதுமா?” என்று கேட்டார். அப்பா பதில் சொல்லக் கொஞ்ச நேரமானது. பிறகு மெதுவாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார். கிளாஸைக் கழுவ எழுந்தவரை, “வைங்கய்யா, பையன் எடுப்பான்” என்று கடைக்காரர் தடுத்தார். அவருக்கு அது தினமும் சொல்கிற வார்த்தை. நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

மறுபடியும் காரைக்குடி, டீ மாஸ்டராக இருந்தவர்

கல்லல் தம்பி எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். அந்தக் கிளாஸு கொடுமையெல்லாம் நானும் பாத்தவன்தான். உங்கப்பாவுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க.

கடைய தொறந்து பாய்லர் சூடானதும் மொத டீய வாசல்ல பூமிக்கு ஊத்திட்டுத்தான் யாவாரம் தொடங்குவோம். ரெண்டாவது டீ தெரு கூட்ட வர்றவங்களுக்கு. அவங்களுக்கு அப்பறம்தான் மத்தவங்க. இது எனக்கு என் மாஸ்டர் சொல்லிக் கொடுத்த வரிசை.

ருசியப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். டீன்னா எல்லாரும் தூளத்தான் பேசுவாங்க, தண்ணிய யாரும் பேசமாட்டாங்க. போர் தண்ணியில சாயம் எறக்கினா மேல எண்ணெ படர்ந்த மாதிரி ஏடு கட்டும், நெறமும் மங்கும். தண்ணியில இருக்குற சுண்ணாம்பு தேயிலைச் சாயத்தோட சேந்து பண்ற வேல அது. நம்ம காரைக்குடி சம்பை ஊத்துத் தண்ணியில போட்டுப் பாருங்க, செவப்பு தனியாத் தெரியும். பழைய ஆளுங்க ஊருணித் தண்ணிய வடிகட்டிக் கொடத்துல வச்சிருந்து டீக்குன்னே எடுப்பாங்க. மழத்தண்ணிதானே அது. நன்றின்னு சொன்னா எனக்கு மொதல்ல அந்த ஊருணி வெட்டினவங்க ஞாபகம்தான் வரும்.

சிங்கம்புணரி பக்கத்திலிருந்து

தேவகோட்டை அக்கா சொன்ன தோட்டத் தொழிலாளியைப் படித்ததும் என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இலங்கை மலைகளில் முதலில் இருந்தது காப்பி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டார். 1869இல் காப்பிச் செடியில் இலைநோய் வந்து, பிறகு மலை முழுக்கத் தேயிலை ஆனது. காப்பிக்குப் பழம் பறிக்கிற பருவத்துக்கு ஆள் போய்த் திரும்பிவிடலாம். தேயிலை வருஷம் முழுக்கக் கொழுந்து விடும். அதனால் குடும்பத்தோடு போகவேண்டியதாயிற்று. நம் வானம் பார்த்த சீமைதான் ஆள் அனுப்பியது: ராமநாதபுரம், புதுக்கோட்டை, மதுரை, திருச்சி. என் பாட்டனாரின் அப்பாவும் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகிற ஒரு கங்காணி பின்னால் போனவர். பஞ்சம்தான் காரணம்.

தாத்தாவும் அப்பாயியும் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டின தொழிலாளர் குடியிருப்பில், வாழ்ந்தவர்கள். அப்பாயி கொழுந்து பறித்தவர். ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கூடையில் போடணும். ஒரு கிலோ தூள் வர நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். அட்டை கடிக்கும், மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு மலைச் சரிவில் நிற்பார்கள். நல்ல தூளெல்லாம் கப்பலேறிவிடும். லயத்துக்கு வருவது கழிவுத் தூசு. அதில் போட்ட தேத்தண்ணியை, உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார்கள்.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எழுதினார்கள். அதில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். சித்தப்பாவுக்குத் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் வேலை கிடைத்துக் கோத்தகிரி போனார். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு அந்தத் தோட்டங்களைத் தொடங்கியது. தாத்தா மட்டும் சொந்த மண் என்று இங்கே வந்துவிட்டார்.

அப்பாயி டீக்கடைக்கு வந்தால் கிளாஸைக் கையில் வாங்கி முதலில் நிறத்தைப் பார்ப்பார், பிறகு மணத்தை. குடித்து முடித்ததும், “எந்தப் பிள்ள பறிச்சதோ, நல்லாருக்கட்டும்” என்பார். எனக்கு அது பழகிவிட்டது. நானும் மனசுக்குள் சொல்கிறேன்.

ஆத்தங்குடியிலிருந்து

அக்கா, எங்க வீட்டுல ரேஷன் கடை ஊட்டி டீதான். டேன்டீ தூள் எங்க பக்கம் பாத்ததில்ல. எங்க வாங்குறது?

சிங்கம்புணரி பக்கத்திலிருந்து

ஊட்டி டீ, நீலகிரியில கொஞ்சமா நிலம் வச்சிருக்கிற விவசாயிகளோட கூட்டுறவு ஆலைகள்ல வர்றது தம்பி. அதையும் யாரோ ஒரு பிள்ளதான் பறிச்சிருக்கும், விட்டுடாதீங்க. மாசி மாசம் சித்தப்பா வீட்டுக்குக் கோத்தகிரி போறேன், டேன்டீ தூள் வாங்கி வரேன். எத்தனை பாக்கெட் வேணும்னு சொல்லுங்க. டீ கொண்டார அந்த அக்காவுக்கும் சேத்துச் சொல்லுங்க.