ரிமோட் இங்கே நல்லா ஓடுது, ஜெர்மனியிலும் பிரான்சிலும் சில பட்டன் மட்டும் ஓடல: உதவி வேணும்

பீளமேடு செல்வி:

வணக்கம்ங்க. நானும் என் தம்பியும் கோவை பீளமேட்டில் வீட்டு மாடியிலேயே சின்னதா ஒரு தொழில் நடத்துறோம். கம்ப்யூட்டரை தூர உட்கார்ந்து இயக்குறதுக்கு ஒரு யூஎஸ்பி ரிசீவரும் கைக்கடக்கமா ஒரு ரிமோட்டும் செஞ்சு விக்கிறோம். ரிசீவருக்குள்ள ஏடிமெகா32யூ4 சிப்பும் ரிமோட்டில் இருந்து வர்ற ஐஆர் ஒளியை (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) பிடிக்கிற டிஎஸ்ஓபி4838 சென்சரும் இருக்கு. கம்ப்யூட்டருக்கு அது ஒரு சாதாரண கீபோர்டா தெரியும், அதனால டிரைவர் எதுவும் போட வேண்டாம். ரிமோட்டில் ஒரு பட்டன் அமுக்கினா, படம் ஓட்டுற விஎல்சி செயலியில் அந்த வேலைக்கு உண்டான எழுத்து போகும். வீட்டில் இருக்கிற பழைய டிவி ரிமோட்டையும் ரிசீவருக்குப் பழக்கிக்கலாம்.

இங்கேயும், பிரிட்டன், அமெரிக்கா போனதிலும் ஒரு குறை வரல. நாலு மாசமா ஐரோப்பாவுக்கும் அனுப்புறோம். அங்கிருந்துதான் தொல்லை. ஜெர்மனியில் அஞ்சு பேர் ஜூம் பட்டன் வேலை செய்யலைன்னு சொல்றாங்க. அது ஒண்ணு மட்டும்தான், மத்ததெல்லாம் சரி. பிரான்சில் மூணு பேருக்கு ஜூம், படத்தின் நீள அகலம் மாத்துற பட்டன், மியூட் மூணுமே செத்துப்போச்சு. இது போக, நெதர்லாந்தில் ரெண்டு பேரும் ஜெர்மனியில் ஒருத்தரும், தங்கள் டிவி ரிமோட்டைப் பழக்கினா ஒரு தடவை அமுக்கினா வேலை செய்யுது, அடுத்த தடவை செய்யல, மறுபடி செய்யுதுன்னு எழுதியிருக்காங்க.

ஒருத்தருக்குப் புது செட்டே அனுப்பினோம். அதிலேயும் அதே குறை. தபால் செலவு எங்க லாபத்தை விட அதிகம்ங்க. சென்சரை வேற லாட்டில் வாங்கி மாத்திப் பாத்தாச்சு, ரப்பர் பட்டனையும் மாத்தியாச்சு. நாங்க விக்கிற தளத்தில் இன்னும் ரெண்டு பொருள் திரும்பி வந்தா எங்க பக்கத்தையே மறைச்சிடுவாங்களாம். எங்க தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்கலாம், என்னன்னே புரியல.

மின்மினி:

வீட்டு வெளிச்சமா இருக்கலாம் அக்கா. ஜன்னல் வெயில், சில எல்இடி பல்பு இதெல்லாம் ஐஆர் சென்சரைக் குழப்பும். இருட்டில் அமுக்கிப் பாக்கச் சொல்லுங்க.

பீளமேடு செல்வி:

கேட்டுட்டேன் தம்பி. ராத்திரி விளக்கை அணைச்சுட்டு ஒரு அடி தூரத்தில் அமுக்கினாலும் அதேதானாம். வெளிச்சம்னா எல்லா பட்டனும் தடுமாறணுமே, அந்த ஒண்ணு ரெண்டு மட்டும் ஏன்?

கணினி குமார்:

தூர இருந்தே அவங்க கம்ப்யூட்டரை இயக்குற மென்பொருள் ஒண்ணைப் போடச் சொல்லி நீங்களே உள்ளே போய்ப் பாருங்களேன். பத்து நிமிஷத்தில் தெரிஞ்சிடும்.

குறுநிரல்:

குமார், அது வேண்டாம். முன்பின் தெரியாத ஊரில் ஒரு ரிமோட் வாங்கினவர்கிட்ட "உங்க கம்ப்யூட்டருக்குள்ள வர அனுமதி குடுங்க"ன்னு கேட்டா, மோசடின்னுதான் நினைப்பார். நினைக்கிறதும் நியாயம்தான். இப்படிக் கேட்டு உள்ளே புகுந்து பணம் பறிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. செல்வி, அதைவிட எளிய வழி இருக்கு. நோட்பேடைத் திறந்து, ரிமோட்டின் பட்டன்களை மேலிருந்து வரிசையா ஒவ்வொரு தடவை அமுக்கச் சொல்லுங்க. திரையில் என்ன எழுத்து விழுந்ததுன்னு ஒரு போட்டோ போதும். எந்தப் பட்டனுக்கு எந்த எழுத்து வச்சிருக்கீங்கன்னு நீங்களும் இங்கே போடுங்க.

பீளமேடு செல்வி:

நாங்க அனுப்புற வரிசை: அடுத்தது என், முந்தினது பி, நிறுத்த எஸ், முழுத்திரை எஃப், நீள அகலம் ஏ, ஜூம் இசட், சப்டைட்டில் வி, மியூட் எம்.

பிரான்ஸ்காரர் உடனே போட்டோ அனுப்பிட்டார். அவர் திரையில் விழுந்தது: என், பி, எஸ், எஃப், க்யூ, டபிள்யூ, வி, கமா. ஜெர்மனிக்காரருக்கு எல்லாம் சரி, இசட் வர வேண்டிய இடத்தில் மட்டும் ஒய். பாத்ததும் எனக்குக் கை நடுங்கிடுச்சு. சிப்பே கெட்டுப்போயிருக்கா?

குறுநிரல்:

சிப் நல்லாத்தான் இருக்கு, நீங்க பயப்பட ஒண்ணுமில்ல. அந்த ரெண்டு வரிசையே காரணத்தைச் சொல்லுது.

யூஎஸ்பி கீபோர்டு எழுத்தை அனுப்புறதே இல்லை. விசை இருக்கிற இடத்துக்கு ஒரு எண் உண்டு, அதைத்தான் அனுப்பும். நம்ம கீபோர்டில் ஏ இருக்கிற இடத்துக்கு எண் 4, எம்முக்கு 16, ஒய்க்கு 28, இசட்டுக்கு 29. அந்த இடத்தில் எந்த எழுத்துன்னு முடிவு பண்றது விண்டோஸோ லினக்ஸோ, அங்கே தேர்ந்தெடுத்திருக்கிற கீபோர்டு அமைப்பை வச்சு. நாம பயன்படுத்துறது கிவெர்ட்டி, மேல் எழுத்து வரிசை க்யூ, டபிள்யூ, இ, ஆர், டி, ஒய்னு தொடங்குறதால அந்தப் பேரு. ஜெர்மனியில் கிவெர்ட்ஸ், அதில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். நீங்க 29 அனுப்புறீங்க, அவங்க கம்ப்யூட்டர் ஒய்னு படிக்குது. பிரான்சில் அசெர்ட்டி. அங்கே ஏவும் க்யூவும் மாறும், இசட்டும் டபிள்யூவும் மாறும், நம்ம எம் இருக்கிற இடத்தில் கமா இருக்கும். உங்களுக்கு வந்த போட்டோவில் அப்படியே அதுதான் இருக்கு. பிரிட்டன், அமெரிக்கா ரெண்டிலும் இந்த எழுத்துகள் நம்ம இடத்திலேயே இருக்கிறதால அங்கே குறையே தெரியல.

ஒண்ணு சொல்லிடறேன். அடுத்த மாடலில் எண் பட்டன் வைக்கிற எண்ணம் இருந்தா, மேல் வரிசை எண்களை அனுப்பாதீங்க. அசெர்ட்டியில் ஷிஃப்ட் அமுக்காம அந்த வரிசை எண்ணே தராது, குறியீடுகள்தான் விழும்.

ஸ்டுட்கார்ட்வாசி:

நான் இருக்கிறது ஸ்டுட்கார்ட்டில், பக்கத்திலேயே ஜெர்மன் கீபோர்டு. குறுநிரல் சொன்னது சரி. அமைப்பை ஆங்கிலத்துக்கு மாத்திட்டா உங்க ஜூம் பட்டன் கட்டாயம் ஓடும். ஆனா அதை வாங்கினவங்ககிட்ட சொல்லிடாதீங்க, தினம் ஜெர்மனில் தட்டச்சு பண்றவர் ஒரு ரிமோட்டுக்காகக் கீபோர்டை மாத்த மாட்டார்.

பெட்டி பிரிக்காத ரிசீவர் ஒண்ணு இருந்தா எனக்கு அனுப்புங்க, செல்வி. திருத்தின நிரலை இங்கேயே சோதிச்சுச் சொல்றேன். தபால் செலவு என்னுது.

சாலிடர் அண்ணாச்சி:

எம்மா, அந்த ரெண்டாவது குறையை யாரும் தொடலியே. முப்பது வருஷமா டிவி ரிப்பேர் பாக்கேன், "ஒரு தடவை விட்டு ஒரு தடவை"ன்னு சொன்னதுமே எனக்குப் புரிஞ்சிட்டு.

நம்ம ஊர் செட்டாப் பாக்ஸ், மலிவு டிவி ரிமோட்டெல்லாம் பெரும்பாலும் என்இசின்னு ஒரு குறியீட்டு முறை. நீ எத்தனை தடவை அமுக்கினாலும் அதே குறியீடுதான் போவும். அமுக்கிப் பிடிச்சா முழுக் குறியீட்டைத் திரும்ப அனுப்பாம, 9 மில்லிசெகண்ட் ஒளி, 2.25 மில்லிசெகண்ட் இடைவெளின்னு "இன்னும் பிடிச்சிருக்கேன்"கிற ஒரு சின்னக் குறி மட்டும் போவும். பிலிப்ஸ் கொண்டாந்த ஆர்சி5 வேற மாதிரி. அதில் மொத்தம் 14 பிட், அதாவது 0 இல்லன்னா 1ன்னு 14 இலக்கம். மூணாவது பிட்டுக்கு டாகிள்னு பேரு. பட்டனை விட்டுட்டு மறுபடி அமுக்கினா அந்த பிட் 0 இருந்தா 1 ஆவும், 1 இருந்தா 0 ஆவும். விரல் எடுக்காம பிடிச்சிருக்கியா, புதுசா அமுக்கினியான்னு டிவிக்குத் தெரியத்தான் அந்த ஏற்பாடு. ஐரோப்பாவில் இந்த முறை ரிமோட் ரொம்ப உண்டு, நெதர்லாந்து பிலிப்ஸ் பிறந்த நாடுல்லா.

உன் ரிசீவர் பழகும்போது முழுக் குறியீட்டையும் அப்படியே மனப்பாடம் பண்ணிக்கிடுது. அடுத்த தடவை டாகிள் மாறி வரவும் இது வேற பட்டன்னு விட்டுருது. மூணாவது தடவை பழைய குறியீடு வரும், பிடிச்சுக்கிடும். ரிசீவரில் வர்ற எண்ணைத் திரையில் காட்டச் சொல்லி எனக்கு அனுப்பு.

பீளமேடு செல்வி:

அண்ணாச்சி, தம்பி காந்திபுரத்தில் ஒரு பழைய பிலிப்ஸ் டிவி ரிமோட் தேடி வாங்கிட்டு வந்தான். பவர் பட்டனை ஆறு தடவை அமுக்கினோம். 12, 2060, 12, 2060, 12, 2060. சத்தம் கூட்டுற பட்டனுக்கு 16, 2064, மறுபடி 16. இவ்வளவு நாளா எங்க மேஜையில் ஒரு பிலிப்ஸ் ரிமோட் கூட இல்லைங்கிறதை நினைச்சா வருத்தமா இருக்கு.

சாலிடர் அண்ணாச்சி:

பாத்தியா, ரெண்டுக்கும் வித்தியாசம் 2048. அதான் டாகிள் பிட். பழகும்போதும் சரி, ஒப்பிடும்போதும் சரி, ஆர்சி5ன்னு தெரிஞ்சா அந்த பிட்டை அழிச்சுட்டு மிச்சத்தை மட்டும் பாக்கச் சொல்லு. ஆர்சி5க்கு அடுத்து வந்த ஆர்சி6லேயும் டாகிள் உண்டு, ஆனா இடம் வேற: சாதாரண ஆர்சி6ல வித்தியாசம் 65536, விண்டோஸ் மீடியா சென்டர் ரிமோட்டில் 32768. மூணையும் ஒரே கணக்கில் போட்டுராத.

அப்புறம், ஆர்சி5, ஆர்சி6 ரெண்டிலும் ஒளி துடிக்கிற வேகம் 36 கிலோஹெர்ட்ஸ். உன் சென்சர் 38க்கு உள்ளது. வேலை செய்யும், ஆனா தூரம் குறையும். பேங் அண்ட் ஒலுஃப்சன் ரிமோட் 455 கிலோஹெர்ட்ஸில் பேசும், அது உன் சென்சருக்கு எட்டவே எட்டாது. அதை விளம்பரத்திலேயே எழுதிரு, வாங்கினவங்க ஏமாறக் கூடாது.

குறுநிரல்:

கீபோர்டு பக்கத்துக்கு வருவோம். ரெண்டு வழி இருக்கு. யூஎஸ்பியில் சாதாரண விசைகள் போக, ஊடகக் கட்டளைகளுக்கு தனி அட்டவணை உண்டு. அதில் மியூட் 226, அடுத்தது 181, முந்தினது 182, நிறுத்த 183. எந்த நாட்டு அமைப்பா இருந்தாலும் இது மாறாது. ஜூமுக்கும் நீள அகலத்துக்கும் அதில் பொருத்தமானது கிடையாது, அதுக்கு மட்டும் ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு சின்ன அட்டவணை வேணும்.

ஸ்டுட்கார்ட்வாசி:

எல்லாத்தையும் ஊடகக் கட்டளையா மாத்திடாதீங்க. என் கீபோர்டிலேயே சோதிச்சேன்: விஎல்சியில் படம் ஓடும்போது "அடுத்தது" ஊடக விசையை அமுக்கினா, பின்னணியில் திறந்து கிடந்த பாட்டுச் செயலியில் பாட்டு மாறுது. என், பி, எஸ், எஃப், வி அஞ்சும் மூணு அமைப்பிலும் ஒரே இடத்தில்தான் இருக்கு, அதைத் தொட வேண்டாம். மியூட்டை மட்டும் மாத்துங்க, ஏவுக்கும் இசட்டுக்கும் அட்டவணை போடுங்க.

பீளமேடு செல்வி:

நீங்க சொன்னபடிதான் தம்பி எழுதிட்டிருக்கான். ஆனா எந்த அமைப்புன்னு ரிசீவருக்கு எப்படித் தெரியும்? போற நாட்டை வச்சு நாங்களே போட்டு அனுப்பலாமா?

குறுநிரல்:

நாட்டை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. கனடாவின் பிரெஞ்சு கீபோர்டு கிவெர்ட்டிதான். ஜெர்மனியில் இருந்தே ஆங்கில அமைப்பு வச்சிருக்கிறவங்களும் உண்டு. நாட்டுக்குத் தக்கபடி ஆரம்ப அமைப்பை வச்சு அனுப்புங்க. மாத்த நினைச்சா, ரிசீவரைச் செருகின அஞ்சு விநாடிக்குள்ள ரிமோட்டில் குறிப்பிட்ட பட்டனை அமுக்கணும்னு வச்சுக்கலாம். சிப்பில் 1 கேபி ஈப்ராம்னு ஒரு நிலையான நினைவகம் இருக்கு, தேர்வை அதில் எழுதிட்டா மின்சாரம் போனாலும் அழியாது.

பார்சல் பாண்டியன்:

திருப்பூரில் இருந்து ஏற்றுமதி பண்றவன்ங்க நான். ஆடைதான், ஆனா தபால் கணக்கு ஒண்ணுதான். ரிமோட் நல்லாத்தானே இருக்கு, குறை ரிசீவருக்குள்ள. குறை சொன்னவங்களுக்கு ரிசீவரை மட்டும் சின்ன உறையில் அனுப்புங்க, பழசைத் திருப்பிக் கேட்காதீங்க. ரிமோட்டுக்குள்ள லித்தியம் பட்டன் செல் வச்சு அனுப்புறீங்களா? விமானத் தபாலில் லித்தியம் ஆபத்தான பொருள் கணக்கில் வரும், விதிமுறைப்படி இல்லைன்னா பார்சல் நின்னுடும். எந்த செல் போடணும்னு எழுதி, செல் இல்லாம அனுப்புறது நிம்மதி.

ஐரோப்பாவில் விக்கிறதா இருந்தா இன்னொண்ணு பாருங்க. 2024 டிசம்பர் 13 முதல் பொதுப் பொருள் பாதுகாப்பு விதிமுறை நடப்பில் இருக்கு. வெளியில் இருந்து விக்கிறவங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள ஒரு பொறுப்பாளர் இருக்கணும், அவர் பெயர், முகவரி பொருள் கூடப் போகணும். ஜெர்மனியில் மின்னணுக் கழிவுப் பதிவும் தனியா உண்டு, அதை முடிக்காம விக்கவே கூடாது. ஐஆர் ரேடியோ இல்லைங்கிறதால ரேடியோ சாதன விதி உங்களுக்கு வராது, ஆனா பொருள் ஐரோப்பிய விதிகளுக்குப் பொருந்துதுன்னு காட்டுற சிஇ குறி இல்லாம முடியாது. இதையெல்லாம் தள்ளிப் போடாதீங்கம்மா. பட்டன் குறையை நிரலில் சரி பண்ணிடலாம், சரக்கு சுங்கத்தில் நின்னா நம்ம கையில் ஒண்ணுமில்ல.

பீளமேடு செல்வி:

பாண்டியன் அண்ணா, சிஇ வேலையும் ஈயம் இல்லாத சாலிடரும் முன்னாடியே முடிச்சுட்டோம். பொறுப்பாளர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. அதையும் கழிவுப் பதிவையும் முடிக்கிற வரைக்கும் புது ஐரோப்பா ஆர்டரை இன்னிக்கே நிறுத்தி வச்சுட்டேன். ஏற்கெனவே வாங்கினவங்க குறையை மட்டும் முதல்ல தீர்க்கிறோம்.

மூணு வாரம் கழிச்சு எழுதறேன். ஸ்டுட்கார்ட் அண்ணன் கிவெர்ட்ஸிலும் அசெர்ட்டியிலும் எல்லா பட்டனையும் சோதிச்சுச் சரின்னு சொல்லிட்டார், தபால் செலவையும் வாங்க மாட்டேன்னுட்டார். குறை சொன்ன பதினொரு பேருக்கும் ரிசீவரை மட்டும் அனுப்பினோம். எட்டு பேருக்குப் போய்ச் சேர்ந்து எல்லா பட்டனும் ஓடுதுன்னு எழுதிட்டாங்க, மூணு வழியில் இருக்கு. நெதர்லாந்துக்காரர் தன் ரிமோட்டை இருபது தடவை அமுக்கி, இருபதும் வேலை செய்யுற வீடியோ அனுப்பியிருந்தார். அண்ணாச்சி, அதை அம்மாவுக்கும் காட்டினேன்.

இப்ப மேஜையில் ஒரு ஜெர்மன் கீபோர்டு, ஒரு பிரெஞ்சு கீபோர்டு, ஆர்சி5, ஆர்சி6, சோனி ரிமோட் ஒவ்வொண்ணு இருக்கு. ஒவ்வொரு லாட்டையும் இதில் ஓட்டிப் பாத்துட்டுத்தான் பெட்டி கட்டுறோம். ஒரு சந்தேகம் மட்டும்: பெல்ஜியத்தில் இருந்து ஒருத்தர் விசாரிச்சிருக்கார், அங்கே எந்த அமைப்பு?

ஸ்டுட்கார்ட்வாசி:

பெல்ஜியமும் அசெர்ட்டிதான் செல்வி. சில குறியீடுகள் இடம் மாறும், ஆனா ஏ, இசட், எம் மூணும் பிரான்ஸ் மாதிரியே. உங்க பிரெஞ்சு அட்டவணையே போதும்.